எல்லாவற்றுக்கும் 'செல்லாது' என்று எழுதாதீர்கள்: ஒப்பந்தச் சட்டத்தில் மாணவர்கள் வழுக்கும் இடங்கள்

தம்புச் செட்டித் தெருவில் நான் வேலை பார்க்கும் வக்கீல் ஆபீஸ் மாடிக்கு, சனிக்கிழமை சாயங்காலம் முதலாண்டு சட்ட மாணவர்கள் ஏழெட்டுப் பேர் வருவார்கள். பி.காம். பிள்ளைகள் இரண்டு பேரும் ஒட்டிக்கொள்வார்கள். அவர்களுக்கும் வணிகச் சட்டம் என்ற பெயரில் இதே 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம்தான். ஒரு கணக்குக் கொடுத்துப் பதில் எழுதச் சொல்வேன். போன மாதம் கொடுத்தது இது: 17 வயதுப் பையன், 19 வயது என்று பொய் சொல்லி, ரிச்சி தெருக் கடையில் தவணைக்கு லேப்டாப் வாங்குகிறான். இரண்டு தவணை கட்டினான், அப்புறம் கட்டவில்லை. கடைக்காரருக்கு என்ன வழி?

எட்டுத் தாளிலும் முதல் வரி ஒன்றேதான்: "இந்த ஒப்பந்தம் செல்லாது." ஐந்து பேர் அதோடு முடித்துவிட்டார்கள். மற்ற மூன்று பேர், அது செல்லாததால் பையன் விரும்பினால் ரத்து செய்யலாம் என்று எழுதியிருந்தார்கள். பிறக்காத ஒன்றை எப்படியப்பா ரத்து செய்வது?

கோளாறு மாணவர்களிடம் மட்டும் இல்லை, அந்தச் சொல்லிலும் இருக்கிறது. செல்லாத காசு, செல்லாத நோட்டு, செல்லாத ஓட்டு என்று எதற்கெடுத்தாலும் ஒரே சொல்லை வைத்து ஓட்டிவிடுகிறோம். ஒப்பந்தச் சட்டத்தில் அந்த ஒரு சொல்லுக்குள் நான்கு தனித்தனி நிலைமைகள் ஒளிந்திருக்கின்றன. நான்குக்கும் விளைவு வேறு.

முதலாவது வாய்ட். சட்டத் தமிழில் இல்லாநிலை. மைனரோடு செய்த உடன்பாடு இதில் வரும். இதற்கு எல்லாரும் 11-ஆம் பிரிவைக் காட்டுவார்கள். ஆனால் அந்தப் பிரிவு, ஒப்பந்தம் செய்யத் தகுதி யாருக்கு உண்டு என்று மட்டும்தான் சொல்கிறது. தகுதி இல்லாதவர் செய்தால் என்ன ஆகும் என்று சொல்லவே இல்லை. அதனால் உயர் நீதிமன்றங்கள் ஆளுக்கொரு பக்கம் இழுத்தன. 1903-ல், அப்போது நமக்கு மேல்முறையீட்டின் கடைசிப் படியாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில், மோகரி பீபி வழக்கில்தான் அதை முடித்துவைத்தது: தொடக்கத்திலேயே இல்லாநிலை. ஆகவே 11-ஐ மட்டும் எழுதினால் பாதி மார்க்குதான், வழக்கையும் எழுத வேண்டும். கூடவே எல்லாரும் விட்டுவிடும் ஒரு சங்கதியும் உண்டு. அந்த வழக்கில் கடன் கொடுத்தவரின் ஆளுக்கு, வாங்குபவன் மைனர் என்று முன்பே தெரியும். நம் லேப்டாப் கடைக்காரருக்குத் தெரியாது.

சரி, கடைக்காரருக்கு வழியே இல்லையா? தவணைப் பாக்கியை ஒப்பந்தப்படி கேட்க முடியாது. பொய் சொன்னாய் என்பதற்காகப் பையன் மைனர் வாதத்தை எடுப்பதையும் தடுக்க முடியாது. ஆனால் 1963-ஆம் ஆண்டு குறித்தவகைத் தீர்வுச் சட்டத்தின் (ஸ்பெசிஃபிக் ரிலீஃப் ஆக்ட்) 33-ஆம் பிரிவில், மைனருக்குக் கிடைத்த பலனை, அதனால் அவனோ அவன் சொத்தோ எந்த அளவுக்குப் பயனடைந்ததோ அந்த அளவுக்குத் திருப்பிக் கொடுக்கச் சொல்ல நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. லேப்டாப் அவன் மேசைமேல் இருந்தால் கேட்டுப் பார்க்கலாம். எட்டுத் தாளில் ஒன்றில்கூட இது இல்லை.

இரண்டாவது வாய்டபிள், அதாவது தவிர்தகு ஒப்பந்தம். இது பிறந்து உயிரோடு நடமாடுகிறது. முடித்து வைக்கும் சாவி மட்டும் ஒரு தரப்பின் கையில். மிரட்டல், தகாத செல்வாக்கு, மோசடி, பொய்யான விவரம் எல்லாம் இந்த வகை. இந்த வித்தியாசத்தால் என்ன குடிமுழுகிப் போகும் என்று ஒரு பெண் கேட்டாள். குடிமுழுகத்தான் செய்யும், மூன்றாவது ஆள் வரும்போது.

நீங்கள் உங்கள் பழைய கேமராவை ஒருவனுக்கு விற்கிறீர்கள். பணம் போட்டுவிட்டேன் என்று போலி ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டி வாங்கிப் போய்விடுகிறான். மறுநாள் அதை, இதெல்லாம் எதுவும் தெரியாத வேறொருவர் நியாயமான விலை கொடுத்து வாங்கிவிடுகிறார். மோசடியால் நடந்த விற்பனை தவிர்தகு வகை. நீங்கள் ரத்து செய்வதற்கு முன்பே அவர் நல்லெண்ணத்தோடு வாங்கியிருந்தால், 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 29-ஆம் பிரிவுப்படி கேமரா அவருக்குத்தான். நீங்கள் அந்த ஏமாற்றுக்காரனைத் தேடிப் போக வேண்டியதுதான். இதுவே இல்லாநிலையாக இருந்திருந்தால் கேமரா உங்களுடையதாகவே இருந்திருக்கும். ஒரு சொல் மாறினால் பொருள் கை மாறிவிடுகிறது.

மூன்றாவது சட்டவிரோதம். சட்டவிரோதமான உடன்பாடு எல்லாம் இல்லாநிலைதான்; ஆனால் இல்லாநிலையானதெல்லாம் சட்டவிரோதம் ஆகாது. பந்தயம் கட்டுவது 30-ஆம் பிரிவில் இல்லாநிலை. ஆனாலும் பந்தயத் தொழிலுக்காக இருவர் செய்துகொண்ட கூட்டு, 23-ஆம் பிரிவின்கீழ் சட்டவிரோதம் ஆகாது என்று கேருலால் பாரக் வழக்கில் 1959-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நான்காவது, ஒப்பந்தம் நன்றாகவே இருந்தும் கோர்ட்டில் நிறைவேற்றிக்கொள்ள முடியாமல் போவது. வழக்குப் போடுவதற்கான காலவரம்பு தாண்டிய கடன் இதற்கு நல்ல உதாரணம். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

பத்திரத்தில் எழுதவில்லையே சார்

இரண்டாவது பெரிய வழுக்கல் இது. ஒப்பந்தம் என்றால் நம் ஊரில் முத்திரைத்தாள்தான் கண்முன் வருகிறது. விடியற்காலை கோயம்பேட்டில் போய் நின்று பாருங்கள். லாரியிலிருந்து இறங்கும் தக்காளிப் பெட்டிகள் வாய்ச்சொல்லிலேயே கைமாறுகின்றன. அத்தனையும் ஒப்பந்தம், அத்தனையும் கோர்ட்டுக்குப் போகத் தகுதியானவை. 10-ஆம் பிரிவு கேட்பது மனமார்ந்த சம்மதம், தகுதியுள்ள தரப்பினர், சட்டப்படியான மறுபயன் (வாக்குறுதிக்குப் பதிலாகக் கொடுப்பது), சட்டப்படியான நோக்கம் இவைதாம். எழுத்து வேண்டும் என்பது வேறு சட்டம் அப்படிக் கேட்கும் இடங்களில் மட்டுமே. வீட்டு வாடகை அப்படி ஒரு இடம்: 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் எழுத்து ஒப்பந்தத்தைக் கட்டாயமாக்கியிருக்கிறது.

முத்திரைத்தாள் விஷயத்தில் இன்னொரு குழப்பம். போதிய முத்திரை இல்லையென்றால் ஒப்பந்தமே 'செல்லாது' என்று எழுதுகிறார்கள் (பார்த்தீர்களா, திரும்பவும் அதே சொல்). முத்திரை இல்லாத ஆவணத்தைச் சாட்சியமாக ஏற்க மாட்டார்கள், அவ்வளவுதான். தீர்வையும் அபராதமும் கட்டினால் சரியாகிவிடும் குறை அது. 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு, நடுவர் தீர்ப்பு உடன்பாடுகள் பற்றிய வழக்கில் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது.

லண்டனைப் பாரிமுனைக்குக் கொண்டுவருவது

பாடத்தில் பாதி வழக்குகள் இங்கிலாந்து வழக்குகள். கார்பாலிக் புகைப்பந்து வழக்கு யாருக்குத்தான் பிடிக்காது? எங்கள் புகைப்பந்தைப் பயன்படுத்தியும் இன்ஃப்ளூயன்சா வந்தால் 100 பவுண்டு பரிசு என்ற விளம்பரம், அதற்காக வங்கியில் 1,000 பவுண்டு வைப்பு, பயன்படுத்தியும் இன்ஃப்ளூயன்சா வந்த அம்மா. படித்ததும் ஒட்டிக்கொள்ளும் கதை. அதனாலேயே நம் சட்டம் எங்கே பிரிந்து போகிறது என்பது மனத்தில் நிற்பதில்லை.

மிக முக்கியமாகப் பிரிந்து போவது மறுபயனில், வகுப்பில் எல்லாரும் கன்சிடரேஷன் என்று சொல்வதில்தான். இங்கிலாந்தில் வாக்குறுதி பெற்றவரே அதைக் கொடுத்திருக்க வேண்டும். நம் சட்டத்தின் 2(டி) பிரிவு "வாக்குறுதி பெற்றவரோ வேறு எவரோ" என்று கதவைத் திறந்து வைத்திருக்கிறது. இதற்கான வழக்கு நம் மெட்ராஸ் உயர் நீதிமன்றத்தின் சின்னய்யா எதிர் ராமய்யா. இப்போதைய சிவப்புக் கட்டடம் 1892-ல் எழுவதற்குச் சுமார் பத்தாண்டு முன்னால் வந்தது. வயதான ஓர் அம்மாள் நிலத்தை மகளுக்குத் தானமாக எழுதிக்கொடுத்து, தன் உடன்பிறப்புக்கு ஆண்டுக்கு 653 ரூபாய் கொடுத்துவர வேண்டும் என்று நிபந்தனை போட்டார். மகளும் அப்படியே எழுதிக்கொடுத்தாள். பிறகு, நீ எனக்கு என்ன கொடுத்தாய், நான் ஏன் தர வேண்டும் என்று நின்றாள். அம்மாள் கொடுத்த நிலமே மறுபயன், அது போதும் என்றது நீதிமன்றம்.

இதைப் படித்தவுடன் மாணவர்கள் அடுத்த தவறுக்குத் தாவிவிடுகிறார்கள்: அப்படியென்றால் ஒப்பந்தத்தில் இல்லாதவரும் வழக்குப் போடலாம்! கூடாது. மறுபயன் யாரிடமிருந்தும் வரலாம். ஆனால் வழக்குப் போடுபவர் ஒப்பந்தத்தில் ஒரு தரப்பாக இருக்க வேண்டும், சில விலக்குகள் தவிர. சின்னய்யாவில் மகளிடம் எழுதி வாங்கியவரே வழக்குப் போட்டார் என்பதை மறந்துவிடாதீர்கள்.

தபால் விதியிலும் இதே கதை. ஏற்புக் கடிதத்தை ராஜாஜி சாலை ஜி.பி.ஓ. பெட்டியில் போட்டவுடன் முனைவு (ஆஃபர்) செய்தவர் கட்டுப்பட்டுவிடுகிறார், இதுவரை இரண்டு ஊரிலும் ஒன்றுதான். ஆனால் நம் 4, 5-ஆம் பிரிவுகளில், போட்டவர் இன்னும் கட்டுப்படவில்லை. கடிதம் அங்கே சேரும்முன் போன் செய்து வேண்டாம் என்று சொல்லிவிடலாம். போனிலேயே ஏற்றுக்கொண்டால் தபால் விதிக்கு வேலை இல்லை. ஏற்பு எங்கே காதில் விழுகிறதோ அங்கேதான் ஒப்பந்தம் பிறக்கிறது என்பது 1966-ஆம் ஆண்டு பகவான்தாஸ் கேடியா வழக்கு. அகமதாபாத்காரர் கேட்டார், காம்காவ்காரர் சம்மதம் சொன்னார், ஒப்பந்தம் அகமதாபாத்தில்.

கடைக் கண்ணாடியில் விலைச் சீட்டோடு தொங்கும் சேலை முனைவு அல்ல, முனைவுக்கான அழைப்பு. இதை எல்லாரும் சரியாக எழுதிவிடுவதால் விட்டுவிடுகிறேன்.

எழுதியிருக்கிறதே, கொடுத்துத்தானே ஆக வேண்டும்

ஓ.எம்.ஆர். கம்பெனியில் சேரும் அண்ணனோ அக்காவோ வீட்டில் இருந்தால் இந்தக் கேள்வி தானாக வரும். மூன்று ஆண்டுக்குள் வேலையை விட்டால் 2 லட்சம் என்று பாண்ட் போட்டிருக்கிறார்கள், கட்டியே ஆக வேண்டுமா? ஒரு கூட்டம், எழுதிக் கையெழுத்துப் போட்டாயிற்று, கட்டத்தான் வேண்டும் என்கிறது. இன்னொரு கூட்டம், 27-ஆம் பிரிவில் தொழில் தடை, ஆகவே (வேறென்ன) செல்லாது என்கிறது. இரண்டுமே அவசரம்.

27-ஆம் பிரிவு முக்கியமாகப் பாய்வது, வேலையை விட்ட பிறகும் வேறெங்கும் சேராதே என்று கட்டிப்போடும் ஷரத்தின்மேல். வேலையில் இருக்கும் காலத்துக்கான கட்டுப்பாடு பெரும்பாலும் தப்பிவிடும் என்பது 1967-ல் கோலிகாரி வழக்கிலிருந்தே உள்ள நிலை. 2025 மே மாதம் விஜயா பேங்க் வழக்கில் 2 லட்ச ரூபாய் ஷரத்தை உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அதற்காக எந்த பாண்டும் நிற்கும் என்று அர்த்தமில்லை. 74-ஆம் பிரிவுப்படி ஒப்பந்தத்தில் எழுதிய தொகை உச்சவரம்புதான். அதற்குள் நியாயமான ஈடு எவ்வளவோ அவ்வளவு. ஃபதே சந்த் வழக்கு 1963-லேயே இதைச் சொல்லியாயிற்று. தேர்வில் 'எழுதிய தொகை முழுதும்' என்று எழுதுபவர்கள் அந்தப் பிரிவை ஒரு தடவை வாய்விட்டுப் படித்தால் போதும்.

நிறைவேற்ற முடியாமல் போன ஒப்பந்தம் பற்றிய 56-ஆம் பிரிவையும் இதேபோல் அவசரப்பட்டு இழுப்பார்கள். விலை ஏறிவிட்டது, நஷ்டம் வரும் என்பது நிறைவேற்ற முடியாமை ஆகாது. மண்டபத்தில் கல்யாணத் தேதியன்று அரசு கூட்டத்தையே தடை செய்தது என்றால் அது வேறு பேச்சு.

இப்போது, கடைசியில் வருகிறேன் என்று சொன்ன அந்தக் காலவரம்பு தாண்டிய கடன். 2022 ஜூன் 10-ல் ஒருவர் கேட்டவுடன் தருவதாக புரோநோட்டு எழுதி ஒரு லட்சம் வாங்கினார். மூன்று ஆண்டு காலவரம்பு, 2025 ஜூனில் முடிகிறது. 2025 மார்ச்சில் அவர் "உங்களுக்குத் தர வேண்டியது உண்மைதான்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால், காலவரம்புச் சட்டத்தின் 18-ஆம் பிரிவில் அன்றிலிருந்து புதிதாக மூன்று ஆண்டு. அதே வரியை ஆகஸ்டில் எழுதினால் ஒரு பிரயோசனமும் இல்லை. கெடு தாண்டிய பிறகு வேண்டியது ஒப்புதல் அல்ல, வாக்குறுதி: "தந்துவிடுகிறேன்" என்று எழுத வேண்டும். அப்போதுதான் ஒப்பந்தச் சட்டத்தின் 25(3) கைகொடுக்கும், புது மறுபயனும் தேவையில்லை. இந்த இரண்டு வரிகளையும் ஒன்றாக நினைத்துத்தான் பலர் மார்க்கை விடுகிறார்கள்.

இதைச் சொன்னபோது பி.காம். பையன் கேட்டான்: "அவர் ஆகஸ்டில் எதுவும் எழுதாமல் ஐயாயிரம் ரூபாயை மட்டும் கையில் கொடுத்துட்டுப் போனா சார்?" மீதி 95,000-க்கு வழக்குப் போட அது உதவாது, கெடு முடிந்தபின் கொடுத்த பணம் காலவரம்பைப் புதுப்பிக்காது. ஆனால் கடன் செத்துப்போகவில்லை, கோர்ட் வழி மட்டும்தான் அடைபட்டிருக்கிறது. அதனால், கெடு தாண்டியது தெரியாமல் கொடுத்துவிட்டேன் என்று சொல்லி அந்த ஐயாயிரத்தை அவரும் திரும்பக் கேட்க முடியாது.