மாதவிடாய் நாள் தவறுகிறதா? காலண்டரும் பென்சிலும் போதும், கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்

இரண்டு வருடங்களுக்கு முன் மகளிர் மருத்துவர் முன்னால் உட்கார்ந்திருந்தேன். "கடைசி பீரியட்ஸ் எப்போம்மா?" என்றார். "போன மாசம் எட்டாம் தேதி வாக்குல டாக்டர்." "வந்த தேதியா, குளிச்ச தேதியா?" எனக்கு வாயடைத்துவிட்டது. எங்கள் வீட்டில் பாட்டி காலத்திலிருந்தே தலைக்குக் குளித்த நாளைத்தான் கணக்கு வைப்போம். 34 வயசு, ஒரு பிள்ளை பெற்றவள், அதுவரை தப்பாகத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன். நான் மருத்துவர் இல்லை. தப்பாக எண்ணி, அலைந்து, பிறகு சரியாக எண்ணக் கற்றுக்கொண்டவள். அந்த வழியை அப்படியே எழுதுகிறேன்.

படி 1: மாதக் காலண்டர் ஒன்று

மளிகைக்கடையில் சும்மா தருவார்களே, ஒரு மாதம் ஒரு தாளில் வரும் காலண்டர், அது போதும். தினசரி கிழிக்கும் காலண்டர் ஆகாது. போன மாதம் குப்பைக்குப் போயிருக்கும். அடுப்படிக் காலண்டரும் வேண்டாம். நான் போட்ட வட்டத்தைப் பால் வராத நாள் என்று நினைத்து என் மாமியார் பால்காரரிடம் காசு குறைத்துவிட்டார். இப்போது பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன்.

ஆப் பயன்படுத்தக் கூடாதா என்று கேட்பீர்கள். பயன்படுத்துங்கள், ஆனால் எனக்கு அதில் இரண்டு மனக்குறை. போன் மாற்றியபோது ஐந்து மாதக் குறிப்பு போய்விட்டது. இரண்டாவது குறையைப் படி 3-இல் சொல்கிறேன்.

படி 2: முதல் நாள் எது?

நான் வழுக்கியது இங்கேதான், அதனால் கொஞ்சம் நின்று நிதானமாகப் பார்ப்போம்.

ஒரு சுழற்சி என்பது, ரத்தப்போக்கு தொடங்கிய நாளிலிருந்து அடுத்த முறை தொடங்குவதற்கு முந்தைய நாள் வரை. முடிந்த நாளிலிருந்து இல்லை, குளித்த நாளிலிருந்தும் இல்லை. மார்ச் 4-ஆம் தேதி வந்து, 8-ஆம் தேதி தலைக்குக் குளித்து, ஏப்ரல் 6-இல் மறுபடி வந்தால் உங்கள் சுழற்சி 33 நாள். என் பழைய கணக்கில் அது 29. ஒவ்வொரு மாதமும் குளிக்கும் நாள் முன்னே பின்னே மாறினால் கணக்கு இன்னும் குழம்பும்.

அடுத்த குழப்பம், லேசாகப் பழுப்பு நிறத்தில் கறை படுவது. சிலருக்கு இரண்டு நாள் கறை மட்டும் பட்டு, மூன்றாம் நாள்தான் சரியான போக்கு வரும். பேட் வைத்தே ஆக வேண்டும் என்கிற அளவுக்குப் போக்கு வருகிற நாள்தான் முதல் நாள். கறைக்கு ஒரு சின்னப் புள்ளி, போக்குக்கு ஒரு வட்டம் என்று நான் வைத்திருக்கிறேன்.

இன்னொன்று: "மாசத்துல ரெண்டு தடவை வந்துடுச்சு" என்று பதறுவது. ஜனவரி 2-இல் வந்து 30-இல் மறுபடி வந்தால் இடைவெளி 28 நாள். கச்சிதமான சுழற்சி! மாதத்துக்கு 31 நாள் இருப்பது உங்கள் கர்ப்பப்பையின் குற்றம் இல்லை.

வட்டத்தோடு மூன்று விஷயம் எழுதுங்கள்: எத்தனை நாள் நீடித்தது, அதிகம் போன நாளில் எத்தனை பேட், கட்டி வந்ததா. "நிறைய போச்சு" என்று மருத்துவரிடம் சொல்வதைவிட "ரெண்டாம் நாள் ஏழு பேட், கட்டியா வந்துச்சு" என்று சொல்வது நூறு மடங்கு உபயோகம்.

படி 3: சராசரியை நம்பாதீர்கள்

குறைந்தது நான்கு சுழற்சி எழுதியபின் கழித்தல் போடுங்கள். என் தாளில் இருந்த தேதிகள்: ஜூன் 3, ஜூலை 14, ஆகஸ்ட் 12, செப்டம்பர் 20, அக்டோபர் 17. இடைவெளிகள் 41, 29, 39, 27. ஆப் என்ன சொன்னது தெரியுமா? "உங்கள் சுழற்சி 34 நாள், இயல்பானது." நான்கையும் கூட்டி நான்கால் வகுத்தால் 34 வரத்தான் செய்யும். ஆனால் எனக்கு ஒரு தடவைகூட 34-ஆம் நாள் வரவில்லையே! என் இரண்டாவது மனக்குறை இதுதான்.

பார்க்க வேண்டியது நீளமானதற்கும் குட்டையானதற்கும் உள்ள வித்தியாசம். எனக்கு 41-இல் 27 போனால் 14 நாள். உலக மகப்பேறு மருத்துவர்களின் கூட்டமைப்பான ஃபிகோ 2018-இல் திருத்திய வரையறைப்படி 24 முதல் 38 நாள் இடைவெளி இயல்பு, எட்டு நாள் வரை போக்கு இயல்பு. வித்தியாசம் வயதைப் பொறுத்து ஏழு முதல் ஒன்பது நாளுக்குள் இருக்க வேண்டும். பழைய கணக்கான 21 முதல் 35 என்பதையும் பல மருத்துவர்கள் இன்னும் சொல்வார்கள். இரண்டில் எதை வைத்துப் பார்த்தாலும் நான் வெளியேதான் நின்றேன்.

ஏன் தள்ளிப்போகிறது? கருமுட்டை வெளிவந்தபின் போக்கு வர ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். இது பெரிதாக மாறாது. மாறுவது அதற்கு முந்தைய பாதி. முட்டை வெளிவரத் தாமதமானால் பீரியட்ஸும் தாமதம். பரீட்சை, ராத்திரி ஷிஃப்ட், திடீரென்று எடை ஏறுவது, பட்டினி கிடந்து இளைப்பது, தைராய்டு எல்லாம் கைவைப்பது அந்த முதல் பாதியில்தான்.

படி 4: பதறும் முன் இவற்றைத் தள்ளிவிடுங்கள்

கர்ப்பமா என்பது முதல் கேள்வி. மருந்துக்கடையில் கிட் வாங்கி, காலை முதல் சிறுநீரில் பாருங்கள். சுழற்சியே ஒழுங்கில்லாதவர்களுக்கு "தள்ளிப்போன நாள்" எதுவென்று தெரியாது. அவர்கள் கடைசியாகச் சேர்ந்த நாளிலிருந்து 21 நாள் கழித்துப் பார்த்தால் முடிவை நம்பலாம்.

பிறகு, கடந்த இரண்டு மாதத்தில் விழுங்கிய மாத்திரைகள். கோயில் திருவிழா, கல்யாணம் என்று நாள் தள்ளிப்போடப் போட்டுக்கொண்டது, அவசரக் கருத்தடை மாத்திரை, இரண்டுமே அந்தச் சுழற்சியைக் கலைக்கும். அந்த மாதத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள், ஓரத்தில் குறித்து வையுங்கள். முன்பு ரத்தக்குழாய்க்குள் ரத்தம் உறைந்து அடைப்பு வந்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இந்தத் தள்ளிப்போடும் மாத்திரைகளைத் தொடவே கூடாது.

தாய்ப்பால் கொடுப்பவர்களுக்கும் நாற்பதைத் தாண்டியவர்களுக்கும் நாள் மாறுவது சகஜம். எள்ளும் வெல்லமும் பப்பாளியும் சாப்பிட்டால் வந்துவிடும் என்பார்கள். சாப்பிடுங்கள், ருசியாக இருக்கும். அதை நம்பி மூன்று மாதம் காத்திருக்காதீர்கள், அவ்வளவுதான்.

படி 5: எப்போது கிளம்ப வேண்டும்?

கர்ப்பம் இல்லாமல் மூன்று மாதமாக வரவே இல்லை என்றால், வலி இல்லாவிட்டாலும் போங்கள். "வராம இருந்தா நிம்மதிதானே" என்று என் தோழி ஒருத்தி சொல்வாள். அது நிம்மதி இல்லை; மாதக்கணக்கில் உதிராமல் கர்ப்பப்பையின் உள்சவ்வு தடித்துக்கொண்டே போவது நல்லதல்ல. வருடத்துக்கு எட்டு தடவைக்குக் கீழே வந்தாலும், எட்டு நாளைத் தாண்டிப் போனாலும், இரண்டு பீரியட்ஸுக்கு நடுவிலோ உறவுக்குப் பிறகோ ரத்தம் பட்டாலும் காட்ட வேண்டும். பத்து ரூபாய் நாணயம் அளவுக்குக் கட்டி விழுந்தாலும் அப்படியே. வயதாகி பீரியட்ஸ் அடியோடு நின்று ஒரு வருடம் ஆனபின் ஒரு துளி பட்டாலும் போக வேண்டும். அதை "மறுபடி வயசு திரும்புது" என்று சிரித்துத் தள்ளக் கூடாது.

அன்றைக்கே போக வேண்டியவை தனி. மணிக்கு ஒரு பேட் முழுக்க நனைந்து, அது இரண்டு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்தால். நாள் தள்ளிப்போயிருக்கும்போது அடிவயிற்றில், குறிப்பாக ஒரு பக்கம், கடும் வலியும் தலைசுற்றலும் வந்தால். கரு, கர்ப்பப்பைக்குள் வராமல் கருக்குழாயிலேயே தங்கியிருக்கலாம். யோசிக்காமல் 108-க்கு அடியுங்கள்.

படி 6: அங்கே என்ன நடக்கும்

தாளைக் கிழித்துக் கையோடு கொண்டுபோங்கள். எனக்கு எழுதித் தந்தது: கர்ப்பப் பரிசோதனை, ஹீமோகுளோபின், டிஎஸ்ஹெச் (தைராய்டுக்கான ரத்தப் பரிசோதனை), ப்ரோலாக்டின் (பால் சுரக்க வைக்கும் ஹார்மோன்), ஒரு ஸ்கேன். ஹீமோகுளோபினை லேசாக விடாதீர்கள். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அளவு 12-க்குக் கீழே இருந்தால் சோகைதான். படியேறினால் மூச்சு வாங்குவதை நாம் வயசு என்று நினைத்துக்கொண்டிருப்போம்.

என் ஸ்கேனில் "நீர்க்கட்டி" என்று வந்தது. அழுதேவிட்டேன். மருத்துவர் சிரித்தபடி விளக்கினார்: அவை கட்டிகளே இல்லை, வளர்ச்சி பாதியில் நின்ற முட்டைப் பைகள். ஸ்கேனை மட்டும் வைத்து பிசிஓஎஸ் (ஹார்மோன் கலைந்து நாள் தவறும் சினைப்பைக் கோளாறு) என்று முத்திரை குத்த முடியாது. நாள் தவறுவது, முகத்தில் முடி போன்ற ஆண் ஹார்மோன் அறிகுறிகள், ஸ்கேன் ஆகிய மூன்றில் இரண்டு பொருந்த வேண்டும். அதற்கும் முன்னால் தைராய்டு போன்ற மற்ற காரணங்கள் இல்லை என்று உறுதியாக வேண்டும். எனக்கு டிஎஸ்ஹெச் ஏறியிருந்தது, அதாவது தைராய்டு சுரப்பு குறைவு; கதை அங்கேயே முடிந்தது. இப்போது காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை. பெரிய தியாகம், அதன்பின் அரைமணி நேரம் காபிக்குக் காத்திருப்பதுதான்.

பின்சேர்க்கை 1: "அக்கா, என் பொண்ணுக்கு 13 வயசு, போன வருஷம் பெரியவளானா, 42 நாள் ஆகுது" என்று ஒருவர் கேட்டிருந்தார். முதல் சில வருடங்கள் 21 முதல் 45 நாள் வரை இருக்கலாம். ஆனால் 90 நாள் இடைவெளி ஒரு தடவை வந்தாலும் காட்டுங்கள். 15 வயதாகியும் பூப்பெய்தவில்லை என்றாலும் அப்படியே. இந்த வயதில் ஸ்கேன் எடுத்து நீர்க்கட்டி என்று யாராவது பயமுறுத்தினால் இன்னொரு மருத்துவரையும் கேளுங்கள். வளரும் பிள்ளைகளின் சினைப்பை இயல்பாகவே அப்படித் தெரியும்.

பின்சேர்க்கை 2: "கல்யாணம் ஆகலை, உள்ளே கருவி வெச்சு ஸ்கேன் பண்ணுவாங்களா?" கல்லூரிப் பெண்கள் மூன்று பேர் தனித்தனியாகக் கேட்டுவிட்டார்கள். பயப்பட வேண்டாம், வயிற்றின் மேல் ஜெல் தடவித்தான் பார்ப்பார்கள். உள்ளே வைத்துப் பார்க்க உங்கள் சம்மதம் வேண்டும். வேண்டாம் என்று சொல்லலாம். மேலிருந்து பார்க்கச் சிறுநீர்ப்பை நிறைந்திருக்க வேண்டும், அதனால் ஒரு மணி நேரம் முன்பே ஒரு லிட்டர் தண்ணீர் குடிக்கச் சொல்வார்கள். டோக்கன் நம்பரைப் பார்த்துவிட்டுக் குடியுங்கள். நான் வீட்டிலேயே குடித்துவிட்டுப் போய், எனக்கு முன்னால் பதினோரு பேர்.