ஆறு சின்ன லைபோ பேட்டரிகளை ஒன்றாகச் சார்ஜ் போடும்போது

கோத்தகிரியில் ஒரு டீ ஃபேக்டரியில் எலக்ட்ரீஷியனாக இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஆனால் தெருப் பையன்களோடு உள்ளங்கை அளவு ட்ரோன் பறக்கவிடுவது எனக்குப் பொழுதுபோக்கு. வெளியே காற்றும் மூடுபனியும் விடாது என்பதால் பெரும்பாலும் சமுதாயக் கூடத்துக்குள்தான். இந்த ட்ரோனின் 450 எம்ஏஎச் (மில்லி ஆம்பியர்-மணி, அதாவது கொள்ளளவு) ஒற்றைச் செல் லைபோ, அதாவது லித்தியம் பாலிமர் பேட்டரி மூன்று நான்கு நிமிடம்தான் தாங்கும். ஆளுக்கு ஆறு பேட்டரியாவது வேண்டும். ஒவ்வொன்றாகச் சார்ஜ் போட்டால் பொழுது சாய்ந்துவிடும். அதனால்தான் எல்லோருக்கும் மொத்தமாகப் போட ஆசை வருகிறது.

புதிதாக இறங்குகிறவர்கள் ஆறு துளை உள்ள ஒற்றைச் செல் சார்ஜரையே வாங்குங்கள். நல்லதாகப் பார்த்து வாங்கினால் ஒவ்வொரு துளைக்கும் தனிச் சர்க்யூட் இருக்கும். ஒரு பேட்டரி பாதி, இன்னொன்று காலி என்றாலும் கவலையில்லை. அதில் கவனிக்க வேண்டியது 4.20, 4.35 என்று இருக்கும் சின்ன சுவிட்ச். பேட்டரி உறையில் ஹெச்வி (அதிக வோல்டேஜ் வகை) என்றோ 4.35 என்றோ அச்சிட்டிருந்தால் மட்டுமே சுவிட்ச் 4.35-க்குப் போகலாம். சாதாரண லைபோவை 4.2 வோல்ட்டுக்கு மேல் ஏற்றினால் உப்பும், சூடாகும், தீப்பிடிக்கவும் செய்யும். கைபட்டு நகரக்கூடிய சுவிட்ச் அது. ஒவ்வொரு முறையும் பாருங்கள்.

அடுத்தது பேரலல் போர்டு. எல்லாப் பேட்டரியின் பாசிட்டிவும் ஒன்றாக, நெகட்டிவும் ஒன்றாக இணைந்து, ஒரே பெரிய பேட்டரி மாதிரி சார்ஜருக்குத் தெரியும். மலிவு, வேகம். ஆனால் ஆறில் ஒன்று கெட்டிருந்தாலும் சார்ஜருக்குத் தெரிய வழியே இல்லை. அந்த வேலையை மல்டிமீட்டரை வைத்து நாம்தான் செய்ய வேண்டும்.

செருகுவதற்கு முன் ஒவ்வொன்றின் வோல்டேஜையும் அளந்து, மாஸ்கிங் டேப்பில் எழுதி ஒட்டிவிடுகிறேன். 0.1 வோல்ட்டுக்குள் வித்தியாசம் இருந்தால் சேர்க்கலாம் என்பார்கள். நான் 0.05-க்குள் இருப்பவற்றைத்தான் ஒரு கூட்டமாக வைப்பேன். ஏன் இவ்வளவு கறார்? ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். நிறைந்த பேட்டரி 4.2, பறந்து தீர்ந்தது 3.5. இடையில் 0.7 வோல்ட். இரண்டு செல்லின் உள்தடை, ஒயர், பின் எல்லாம் சேர்த்து 0.07 ஓம் என்று வைத்துக்கொண்டால், செருகிய நொடியில் நிறைந்ததிலிருந்து காலியானதற்கு 10 ஆம்பியர் பாயும். அந்தப் பேட்டரிக்கு ஏற்ற சார்ஜ் கரண்ட் வெறும் 0.45 ஆம்பியர். இத்தனைக்கும் அப்போது சார்ஜரை ஆன் கூடச் செய்திருக்க மாட்டோம்!

கொஞ்சம் பறந்தது, முழுக்கப் பறந்தது என்று இரண்டு ரகமாகக் கிடந்தால் இரண்டு தடவையாகப் போடுங்கள். பறந்து வந்த சூட்டோடு அளக்கவும் வேண்டாம். ஓய்ந்ததும் வோல்டேஜ் கொஞ்சம் ஏறும். கால் மணி நேரம் கழித்து அளந்தால் உண்மை தெரியும். 3 வோல்ட்டுக்குக் கீழே போனதை, உப்பியதை, முனை நசுங்கியதை இந்தக் கூட்டத்தில் சேர்க்கவே சேர்க்காதீர்கள். போர்டில் ஒன்று உள்ளுக்குள் ஷார்ட் ஆனால் மற்ற ஐந்தும் தங்கள் மின்சாரத்தை அதன் தலையில் கொட்டும். இதற்காகவே ஒவ்வொரு துளைக்கும் ஃபியூஸ் வைத்த போர்டாகத் தேடி வாங்குங்கள்; கொஞ்சம் விலை கூடினாலும் பரவாயில்லை.

இணைக்கும் வரிசையும் முக்கியம். முதலில் போர்டின் பனானா பின் இரண்டையும் சார்ஜரில் செருக வேண்டும், அப்புறம்தான் பேட்டரி. மாற்றிச் செய்தால் உயிரோடு இருக்கும் இரண்டு பித்தளை முனைகள் மேஜை மேல் கிடக்கும். ஒன்றையொன்று தொட்டாலே பொறி பறக்கும். கழற்றும்போது தலைகீழ்: பேட்டரிகள் முதலில். புதிதாக வாங்கிய பேட்டரியில் சிவப்பும் கறுப்பும் இடம் மாறி வருவதும் உண்டு. ஒயர் நிறத்தை நம்பாமல் மீட்டர் வைத்துப் பாருங்கள்.

சார்ஜரில் செட்டிங் எளிது. லைபோ, 1 செல், கரண்ட் மொத்தக் கொள்ளளவுக்கு 1சி, அதாவது அந்தக் கொள்ளளவை ஒரு மணி நேரத்தில் நிரப்பும் அளவு. ஆறு 450 என்றால் 2700 எம்ஏஎச், அதாவது 2.7 ஆம்பியர். மூன்று மட்டும் செருகினால் 1.35. எண்ணிக்கை குறைந்த பிறகும் பழைய 2.7-லேயே விட்டுவிட்டால் ஒவ்வொன்றுக்கும் 2சி போகும். டைமரை 90 நிமிடத்துக்கும், கொள்ளளவு வரம்பை 3000-க்கு அருகிலும் வையுங்கள். 4.2 வோல்ட்டை எட்டியதும் கரண்ட் படிப்படியாகக் குறைந்து, பத்தில் ஒரு பங்கானதும் சார்ஜர் நிறுத்தும். கரண்ட் இறங்காமல் ஒரே இடத்தில் நின்றால் ஏதோ ஒன்று தின்றுகொண்டிருக்கிறது. உடனே நிறுத்திவிட்டு ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள். கை பொறுக்காத சூடு என்பதற்கெல்லாம் காத்திருக்க வேண்டாம். மற்றதைவிட ஒன்று வெதுவெதுப்பாக இருந்தாலே அதைத் தனியே எடுத்துவிடலாம்.

மலைக்காரர்களுக்கென்று ஒரு சங்கதி உண்டு. டிசம்பர், ஜனவரியில் ஊட்டிக்கு அருகே தலைகுந்தா பக்கம் காலையில் புல்மேல் உறைபனி வெள்ளையாகக் கிடக்கும். அந்தக் குளிரில் பைக் பெட்டியில் கிடந்த பேட்டரியை வந்ததும் வராததுமாகச் செருகக் கூடாது. 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் போட்டால் லித்தியம் செல்லின் நெகட்டிவ் பக்கத்துக் கிராஃபைட்டுக்குள் போகாமல் மேலேயே உலோகமாகப் படியும். வெளியே ஒன்றும் தெரியாது, அந்தச் சேதத்தைச் சரிசெய்யவும் முடியாது. பின்னால் உள்ளுக்குள் ஷார்ட் ஆவதற்கு அதுவே காரணமாகலாம். ஒரு மணி நேரம் அறையில் வைத்து, மேலே வியர்த்திருந்தால் துடைத்து, பிறகு போடுங்கள். அறையே பத்து டிகிரி என்றால் கரண்டைப் பாதியாக்குங்கள். சீக்கிரம் சூடாகட்டும் என்று கரியடுப்புப் பக்கத்தில் வைக்கிற பையன்களை நானே விரட்டியிருக்கிறேன்.

எங்கள் பக்கம் பழைய வீடுகளில் தரையும் மச்சும் மரம். அதனால் நான் சமையலறைச் சிமெண்ட் மேடையில், அகலமான மண்சட்டிக்குள்தான் போர்டை வைப்பேன். பக்கத்தில் ஒரு வாளி உலர்ந்த மணல். தீப்பிடிக்காத பை என்று விற்பதும் நல்லதுதான், ஆனால் அதை மட்டும் நம்ப மாட்டேன். குளிருக்குப் பயந்து ஜன்னலை எல்லாம் சாத்திக்கொண்டு சார்ஜ் போடாதீர்கள். லைபோ புகை விஷம். புகைந்தால் பிளக்கை எட்டிப் பிடுங்க முடிந்தால் பிடுங்கி, மணலைக் கொட்டி, எல்லோரும் வெளியே வந்துவிட வேண்டும். போட்டுவிட்டுத் தூங்கப் போவது, கடைக்குப் போவது எல்லாம் கிடையாது.

மழைக்காலத்தில் மரம் விழுந்து கரண்ட் போகும், வரும். போனால் பேட்டரிகளைக் கழற்றிவிட்டு, வந்த பிறகு செட்டிங்கை மறுபடி பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள்.

பறக்கவிடாத வாரங்களில் 3.8 வோல்ட்டில் வையுங்கள். நிறைத்து வைத்தால் உப்பும். உப்பியதை ஊசியால் குத்திக் காற்றை விடப் பார்க்காதீர்கள். வெட்டவெளியில் சின்ன பல்பு இணைத்து மெதுவாக முழுக்கக் காலி செய்து, முனையில் டேப் சுற்றி, மின்கழிவு வாங்குகிற இடத்தில் கொடுங்கள். குப்பைத் தொட்டியிலோ டீ தோட்டத்து ஓடையிலோ போட வேண்டாம்.