அப்ப ஏன்வே அன்னைக்குச் செய்யல? மாயக்கதையில் லாஜிக் ஓட்டை அடைக்கும் முறை

மாயக்கதை வாசிக்க உட்கார்ந்தவர் எதையும் நம்பத் தயார். ஒரு பெண் தண்ணீரில் கையை வைத்தால் தாமிரபரணி நிற்கும் என்றால், சரி, நிற்கட்டும். ஆனால் மூன்றாம் அத்தியாயத்தில் ஆற்றை நிறுத்தியவள், ஒன்பதாம் அத்தியாயத்தில் தம்பி அதே ஆற்றோடு போகும்போது கரையில் நின்று அழுதால், திருநெல்வேலிக்காரர் யாரும் சும்மா இருக்க மாட்டார். "அப்ப ஏன்வே அன்னைக்குச் செய்யல?" என்று கேட்பார். லாஜிக் ஓட்டைகளில் பாதிக்கு மேல் இந்தக் கேள்விக்குப் பதில் வைக்காததால் விழுபவைதான்.

இதைப் பிடிக்கப் பலசரக்குக் கடைக் கணக்கே போதும். ஒரு சிட்டை, ஒரு பேரேடு. சிட்டையில் அத்தியாய வரிசைப்படி இடம், நாள், யார் சக்தியைப் பயன்படுத்தினார், எவ்வளவு நேரம், என்ன விலை கொடுத்தார், யார் பார்த்தார் என்று ஒற்றை வரியாகப் போடுங்கள். பேரேட்டில் ஒரு சக்திக்கு ஒரு பக்கம். எழுதும்போதே கணக்குப் போட ஆரம்பித்தால் கதை நகராது. முதல் வரைவை முடித்துவிட்டு, அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு போடுவதே நல்லது.

ஆற்றை நிறுத்துகிற அந்தப் பெண்ணுக்குப் பேச்சி என்று பேர் வைத்தால், பேரேட்டுப் பக்கம் இப்படி இருக்கும்:

பேச்சி: ஆறு நிறுத்துதல்.
செய்வது: ஓடுகிற தண்ணீரைக் கை வைத்த இடத்தில் நிறுத்தும்.
செய்யாதது: குளம், கிணறு, கடலில் பலிக்காது.
வேண்டியது: வலது கை மணிக்கட்டு வரை தண்ணீருக்குள் இருக்க வேண்டும்.
விலை: ஒரு நாழிகைக்கு, அதாவது 24 நிமிடத்துக்கு, ஒரு நாள் நினைவு போகும். கடைசி நாளிலிருந்து பின்னோக்கிப் போகும்.

'செய்யாதது' வரியைத்தான் பலரும் காலியாக விடுகிறார்கள். 'வேண்டியது' வரி கண்ணால் பார்க்கக்கூடியதாக இருந்தால் இன்னும் நல்லது. பனையேறி கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள். விதி அவ்வளவு சின்னதாக, அவ்வளவு தெளிவாக இருக்க வேண்டும். 'மனதை ஒருமுகப்படுத்தினால் சக்தி வரும்' என்று எழுதினால் யாரும் சரிபார்க்க முடியாது, உங்களையும் சேர்த்து.

இனி சிட்டை:

அத். 3, குறுக்குத்துறை (திருநெல்வேலியில் ஆற்றுப் படித்துறை), ஆனி, ஒரு நாழிகை. விலை எழுதப்படவில்லை.
அத். 9, ஆறு, ஐப்பசி, தம்பி சாவு. பயன்படுத்தவில்லை, காரணமும் இல்லை.
அத். 14, கார்த்திகை வெள்ளம், இரவு முழுக்க. பாபநாசத்தில் நின்றுகொண்டு குறுக்குத்துறையில் நிறுத்துகிறாள்.

மூன்று வரியில் மூன்று ஓட்டை. முதலாவது சின்ன வேலை. மூன்றாம் அத்தியாயத்தின் கடைசியில், அன்று காலையில் யார் வீட்டுக்குப் போனோம் என்பது பேச்சிக்கு ஞாபகம் வராமல் போகட்டும். ஒரு வரி போதும்.

ஒன்பதாம் அத்தியாயத்துக்கு மலிவான மருந்து, ஆற்றைக் குளமாக மாற்றுவது. தேங்கிய தண்ணீரில் சக்தி பலிக்காது என்று பேரேட்டிலேயே இருக்கிறது. ஆனால் அது வாசகருக்கும் முன்பே தெரிந்திருக்க வேண்டும். இரண்டாம் அத்தியாயத்தில் ஊர்க்குளத்தில் கையை விட்டுப் பார்க்கிறாள், ஒன்றும் நடக்கவில்லை, சேக்காளிகள் சிரிக்கிறார்கள். அந்த இடத்தில் அது வெறும் வேடிக்கை. ஆறாம் அத்தியாயத்தில் போகிற போக்கில் இன்னொரு தடவை தொட்டுவிடுங்கள். ஒன்பதில் தம்பி குளத்தில் விழும்போது நீங்கள் எதுவும் விளக்க வேண்டியதில்லை, வாசகர் வயிறு தானே கலங்கும். சாவுக்குப் பிறகு 'அவள் சக்தி குளத்தில் செல்லாது' என்று எழுதினால் அது சாக்கு. கையைக் கட்டிப்போடுவது, மயங்க வைப்பது எல்லாம் ஒரு கதையில் ஒரு தடவை செல்லும். 'அன்றைக்குச் சக்தி குறைந்திருந்தது' என்பது ஒரு தடவையும் செல்லாது.

பதினான்காம் அத்தியாயத்தில் முதலில் இடத்தைச் சரிசெய்யுங்கள். கை வைத்த இடத்தில்தான் ஆறு நிற்கும் என்றால் அவள் குறுக்குத்துறைக்கு வந்தாக வேண்டும். பாபநாசத்திலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர். நடந்தால் மணிக்கு நான்கு, ஐந்து கிலோமீட்டர் வீதம் பத்துப் பன்னிரண்டு மணி நேரம். விடியற்காலையில் கிளம்ப வைத்தால்தான் இருட்டும்போது ஆற்றில் நிற்பாள்.

அடுத்தது விலை. இரவு முழுக்க என்றால் 12 மணி நேரம், 30 நாழிகை, 30 நாள் நினைவு. தம்பி செத்து 20 நாள்தான் ஆகிறது. அப்படியானால் கரையேறியதும் அவள் கேட்கப்போகும் முதல் கேள்வி, "தம்பியை எங்க?" இந்த முடிவை நீங்கள் யோசித்திருக்கவில்லை, கணக்கு கொடுத்தது. கூடவே ஒரு சிக்கலும் வருகிறது. நாழிகைக்கு நாழிகை நினைவு கழன்றுகொண்டே போனால், முதல் நாழிகையிலேயே இன்றைய நாள் போய்விடும். ஏன் ஆற்றில் நிற்கிறோம் என்றே தெரியாமல் கையை எடுத்துவிடுவாள். அதனால் விலை வரிக்குக் கீழே இன்னொன்று சேருங்கள்: கையை எடுத்த பிறகே வசூல்.

இதற்கப்புறம் பலரும் விட்டுவிடுகிற கேள்வி ஒன்று இருக்கிறது. நின்ற தண்ணீர் எங்கே போகும்? ஆற்றில் விநாடிக்கு 1,000 கனஅடி போகிறது என்று வையுங்கள். ஒரு நாழிகை 1,440 விநாடி, ஆக 14,40,000 கனஅடி. ஏறத்தாழ நான்கு கோடி லிட்டர், 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் 3,400 லாரி. கையை எடுத்ததும் அது மொத்தமாகக் கீழே பாயும். படித்துறையில் குளிக்கிறவர்கள் கதி என்ன? வெள்ளத்தில் 50,000 கனஅடி என்று வைத்தால் 30 நாழிகைக்கு 216 கோடி கனஅடி, இரண்டு டி.எம்.சி.க்கு மேல் (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கனஅடி). மணிமுத்தாறு அணையின் கொள்ளளவே ஐந்தரை டி.எம்.சி. சொச்சம்தான். அவ்வளவு தண்ணீரைக் குறுக்குத்துறையில் மறித்தால் கீழே ஸ்ரீவைகுண்டம் பிழைக்கும், மேலே சுத்தமல்லிப் பக்கத்து வயலும் வீடும் முங்கும். பேச்சியைக் கும்பிடுகிற ஊர் ஒன்று, சபிக்கிற ஊர் ஒன்று. இதைப் பார்க்காமல் 'மாயம்தானே' என்று தாண்டிப் போகிறவர் கைக்கு வந்த கதையை விடுகிறார்.

நாள் வரிசையைப் பருவத்தோடு ஒட்டிப் பாருங்கள். குற்றாலச் சாரல் ஆனி, ஆடியில். கார்த்திகையில் வருவது வடகிழக்கு மழை, அருவியில் தண்ணீர் கூடினால் குளிக்கத் தடை போட்டுவிடுவார்கள். அப்போது வயலில் நிற்பது பிசானப் பயிர், அதாவது பின்பருவ நெல், முன்பருவமான கார் நெல் அறுவடையைக் காட்டினால் உள்ளூர்க்காரர் புத்தகத்தை மூடிவிடுவார்.

ஊரையும் ஒரு சுற்று சுற்றி வாருங்கள். தொட்டால் நோய் தீர்க்கிறவர் தெருவுக்கு ஒருவர் இருந்தால் திருநெல்வேலி ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில் ஏன் கூட்டம்? பதில் இல்லையென்றால் சக்தியுள்ளவர் எண்ணிக்கையைக் குறையுங்கள், அல்லது விலையை ஏற்றுங்கள்.

அறிவியல் புனைகதையில் விதியை நீங்கள் போட வேண்டியதில்லை, இயற்கை ஏற்கெனவே போட்டு வைத்திருக்கிறது. மகேந்திரகிரி இஸ்ரோ மையத்தில் உட்கார்ந்து செவ்வாயில் இருப்பவரோடு போனில் சண்டை போட முடியாது. செய்தி ஒரு வழி போகவே 3 முதல் 22 நிமிடம், பதில் கேட்க அதுபோல் இரண்டு மடங்கு. அந்தக் காட்சியைக் கடிதப் போக்குவரத்து மாதிரி எழுதினால் சண்டை இன்னும் உறைக்கும். சுழலும் விண்வெளி நிலையத்தில் பூமியில் உள்ள எடை வேண்டுமென்றால், நிமிடத்துக்கு இரண்டு சுற்றுக்கு ஆரம் ஏறத்தாழ 224 மீட்டர். விட்டத்தை ஒரு பஸ் நீளத்துக்கு, அதாவது ஆறு மீட்டர் ஆரத்துக்குச் சுருக்க நினைத்தால் நிமிடத்துக்கு 12 சுற்று சுற்ற வேண்டும், உள்ளே இருப்பவர்களுக்குத் தலை கிறுகிறுத்துப் போகும். காலப்பயணத்தில், போனவர் பழசை மாற்ற முடியுமா முடியாதா என்பதை ஒரு தடவை முடிவு செய்தபின் கை வைக்காதீர்கள்.

உச்சக்கட்டத்துக்காக விதியை வளைக்கத் தோன்றினால் இரணியன் கதையை நினைத்துக்கொள்ளுங்கள். பகலிலும் இரவிலும் சாகக்கூடாது, உள்ளேயும் வெளியேயும் கூடாது, மனிதனாலும் மிருகத்தாலும் கூடாது. வரத்தில் ஒரு சொல்லும் மீறாமல் அந்தி நேரத்தில், வாசற்படியில், நரசிம்மம் முடித்துவிடுகிறது. சந்து வரத்தின் வாசகத்துக்குள்ளேயே இருந்தது. உங்கள் சந்தும் பேரேட்டின் ஐந்து வரிக்குள் இருக்கட்டும்.

திருத்தி முடித்ததும் இரண்டு பேரிடம் கொடுங்கள். 'ஏன்வே' என்று தோன்றும் இடத்தில் ஓரத்தில் ஒரு கோடு மட்டும் போடச் சொல்லுங்கள், வைத்தியம் சொல்ல வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள். ஒரு கோட்டை அழிக்க முந்தைய அத்தியாயத்தில் ஒன்றிரண்டு வாக்கியம் சேர்க்கலாம். ஒரு பத்தி தேவைப்பட்டால் அந்தக் காட்சியையே எடுத்துவிடுவது மேல். இரண்டாம் பாகம் எழுதுவதானால், பேச்சிக்கு எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை நினைவில்லை என்று பேரேட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்து வையுங்கள். இல்லாவிட்டால் முதல் பக்கத்திலேயே தம்பியின் பதினாறாம் நாள் காரியத்தைப் பற்றி அவள் பேசிக்கொண்டிருப்பாள்.