பட்டியலில் வராத நிகழ்ச்சிகள்: ஒரு நகரத்தின் மாற்றுக் கலை வட்டத்தைத் தேடிப் பிடிக்கும் வழி

“இந்த வாரம் நகரத்தில் என்ன நிகழ்ச்சி?” என்று தேடுபொறியில் கேட்டால், எந்த ஊராக இருந்தாலும் ஏறக்குறைய ஒரே விடைதான் வரும். பெரிய அரங்கில் கச்சேரி, வணிக வளாகத்தில் விழா, டிக்கெட் விற்கும் தளங்கள் முன்னே நிறுத்துகிற இன்னும் சில. அதே வாரத்தில் ஓர் அச்சகத்தின் மாடியில் ஜைன் (zine, ஆர்வலர்கள் தாங்களே அச்சிட்டு வெளியிடும் சிற்றிதழ்) சந்தை நடந்திருக்கும். காலியாகக் கிடந்த கிடங்கில் சில ஓவியர்கள் தங்கள் சொந்தச் செலவில் கண்காட்சி வைத்திருப்பார்கள். யாரோ ஒருவருடைய வரவேற்பறையில் தரையில் உட்கார்ந்து நாடகம் பார்த்திருப்பார்கள். இவற்றுக்கு விளம்பரச் செலவு கிடையாது, பல நேரம் முகவரிகூட வெளியே சொல்லப்படாது. அதனால் தேடுபொறியின் கண்ணில் படுவதில்லை.

புதிய நகரங்களுக்குக் குடிபெயர்ந்தபோதெல்லாம் எனக்கு இந்தச் சிக்கல் வந்தது. கடைசியில் கைகொடுத்த வழி இதுதான்: நிகழ்ச்சியைத் தேடுவதை விட்டுவிட்டு, நிகழ்ச்சி நடத்துகிற ஆட்களைத் தேடுங்கள். நிகழ்ச்சி ஒரு மாலையோடு முடிந்துவிடும். நடத்துகிறவர்கள் அடுத்த மாதமும் எதையாவது நடத்துவார்கள். கீழே உள்ள எல்லாப் படிகளும் இந்த ஒன்றிலிருந்துதான் கிளைக்கின்றன.

படி 1: ஓர் இடத்தை மட்டும் பிடியுங்கள்

முதல் நாளே பத்து இடங்களைப் பட்டியலிட வேண்டாம். அறிவிப்புப் பலகை உள்ள ஓர் இடம் போதும். தனியார் புத்தகக் கடை, ஓவியப் பொருட்கள் விற்கும் கடை, நுண்கலைக் கல்லூரியின் நடைபாதை, ஜெர்மனியின் கதே நிறுவனம் அல்லது பிரான்ஸின் அலியான்ஸ் பிரான்சேஸ் போன்ற பண்பாட்டு மையத்தின் வரவேற்பறை ஆகியவற்றில் எது அருகில் இருக்கிறதோ அங்கே போங்கள்.

என்னைக் கேட்டால் முதல் இடத்தை ரிஸோகிராஃப் அச்சகத்துக்குத்தான் கொடுப்பேன். ஜப்பானின் ரிஸோ நிறுவனம் 1980களில் பள்ளிகளுக்கும் அலுவலகங்களுக்கும் விற்ற நகலெடுக்கும் இயந்திரம்தான் ரிஸோகிராஃப். குறைந்த பிரதிகளை மலிவாக, அடர்ந்த வண்ணத்தில் அச்சிடும் என்பதால் பின்னாளில் ஓவியர்களும் ஜைன் தயாரிப்பவர்களும் அதைத் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். ஒரு நகரத்தில் அப்படி ஓர் அச்சகம் இருந்தால், அங்கே உலரவைத்திருக்கும் தாள்களைப் பார்த்தாலே அடுத்த சில வாரங்களில் என்னென்ன நடக்கப்போகிறது என்று தெரிந்துவிடும்.

படி 2: சுவரொட்டியைக் கீழிருந்து மேலே படியுங்கள்

பெரிய எழுத்தில் இருப்பது நிகழ்ச்சியின் பெயர். அது உங்களுக்கு ஒருமுறைதான் பயன்படும். அடியில் பொடி எழுத்தில் இருக்கும் பெயர்கள்தான் புதையல்: ஏற்பாடு செய்தவர், இடம் கொடுத்தவர், சுவரொட்டியை வடிவமைத்தவர், அச்சிட்டவர், ஒலி அமைப்பைக் கவனிப்பவர். முழுப் பலகையையும் புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள். தேதி கடந்துபோன சுவரொட்டிகளையும் விட்டுவிடாதீர்கள். போன மாதத்துச் சுவரொட்டியில் இருக்கிற குழு இந்த மாதமும் இருக்கும். எழுத்தோ மொழியோ புரியாவிட்டால் கூகுள் லென்ஸைக் காட்டினால் படித்துக் கொடுத்துவிடும்.

படங்களை வீட்டில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டு மூன்று சுவரொட்டிகளில் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வரும். அநேகமாக அவர் வடிவமைப்பாளராகவோ ஒலிக் கலைஞராகவோ இருப்பார். எல்லாக் குழுக்களுக்கும் வேலை செய்கிறவர் அவர்தான் என்பதால், அவரைப் பின்தொடர்ந்தால் பல குழுக்களைப் பற்றி ஒரே இடத்தில் தெரிந்துகொள்ளலாம்.

படி 3: பெயரிலிருந்து வலைக்குள்

நான் நீண்ட காலம் முட்டிக்கொண்டு நின்ற இடம் இது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பெயர்கள் கிடைத்துவிட்டன, இன்ஸ்டாகிராமில் எல்லோரையும் பின்தொடரவும் தொடங்கியாகிவிட்டது. ஆனாலும் நிகழ்ச்சி முடிந்த மறுநாள்தான் படங்கள் கண்ணில் படுகின்றன. காரணம் எளிது. சிறு குழுக்கள் பெரும்பாலும் ஸ்டோரியில்தான் அறிவிக்கின்றன, அது 24 மணி நேரத்தில் மறைந்துவிடும். மிஞ்சும் பதிவுகளையும் செயலி தன் கணக்குப்படி வரிசைப்படுத்தி எப்போதோ காட்டுகிறது. இதைச் சரிசெய்ய நான்கு காரியங்கள் செய்ய வேண்டும்.

முதலாவது, இதற்கென்றே தனிக் கணக்குத் தொடங்குங்கள். உறவினர், நண்பர், சினிமா, சமையல் எதுவும் அதில் வேண்டாம். இதில் எனக்குச் சமரசமே கிடையாது. கலந்து வைத்த கணக்கில் சிறு குழுவின் அறிவிப்பு மூழ்கித்தான் போகும்.

இரண்டாவது, ஓர் இடத்தின் பக்கத்தைத் திறந்தால் அவர்கள் போட்ட படங்களை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். மற்றவர்கள் அந்த இடத்தைக் குறித்துப் போட்ட படங்களுக்குத் தனிப் பிரிவு இருக்கும். அங்கே மேடையேறியவர்கள், படம் எடுத்தவர்கள், வழக்கமாக வந்துபோகிறவர்கள் எல்லோரும் அதில் இருப்பார்கள். அந்த இடம் தன்னைப் பற்றிச் சொல்லாததையும் அந்தப் பிரிவு சொல்லிவிடும்.

மூன்றாவது, அவர்களைப் பின்தொடர்கிறவர்களின் பட்டியலை விட்டுவிட்டு, அவர்கள் யாரைப் பின்தொடர்கிறார்கள் என்று பாருங்கள். முதல் பட்டியலில் யார் வேண்டுமானாலும் இருக்கலாம். இரண்டாவது பட்டியல் அவர்களே தேர்ந்தெடுத்தது. ஒரு சிறிய இடத்தின் அந்தப் பட்டியலில் பக்கத்து இடங்களும் நண்பர் குழுக்களும் அப்படியே கிடைக்கும். மூன்று இடங்களின் பட்டியலிலும் பொதுவாக வருகிற பெயர்களைக் குறித்துக்கொண்டால், நகரத்தின் மாற்றுக் கலை வட்டத்தில் கணிசமான பகுதி உங்கள் கையில்.

நான்காவது, முக்கியமான சில கணக்குகளுக்கு மட்டும் மணிக் குறியை அழுத்தி, ஸ்டோரிக்கும் சேர்த்து அறிவிப்பு வரும்படி வைத்துவிடுங்கள். பதிவுகளைக் கால வரிசையில் காட்டும் வசதியை இன்ஸ்டாகிராம் 2022-இல் கொண்டுவந்தது. ஒவ்வொரு முறையும் நாமே அதற்கு மாற வேண்டும் என்றாலும், மாறிப் பாருங்கள்.

மின்னஞ்சல் மடல் நடத்துகிற இடம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு அதற்குப் பதிவு செய்துவிடுங்கள். எனக்கு எல்லாக் கருவிகளிலும் பிடித்தது அதுதான். எந்தச் செயலியும் நடுவில் புகுந்து வரிசையை மாற்றாது, ஆறு மாதம் கழித்துத் தேடினாலும் கிடைக்கும். பெரிய டிக்கெட் தளங்களில் இந்த வட்டத்தின் நிகழ்ச்சிகள் அரிதாகவே வருகின்றன. மீட்அப் தளத்தில் வாசகர் வட்டம், நடைப்பயணக் குழு, ஓவியம் தீட்டக் கூடுகிறவர்கள் போன்றவை கிடைக்கும். அதற்குமேல் அங்கே எதிர்பார்க்க வேண்டாம்.

படி 4: “முகவரி வேண்டுவோர் செய்தி அனுப்பவும்”

அறிவிப்பில் முகவரி இருக்க வேண்டிய இடத்தில் இந்த வரியைப் பார்த்ததும் பலர் தயங்கித் திரும்பிவிடுகிறார்கள். நம்மைப் போன்றவர்களுக்கு இல்லை போலும் என்று தோன்றிவிடுகிறது. தயங்காதீர்கள், காரணம் பெரும்பாலும் சாதாரணமானது. இடம் சிறியது, அக்கம்பக்கத்தார் தொந்தரவுபடக் கூடாது, எத்தனை பேர் வருவார்கள் என்று முன்னரே தெரிய வேண்டும். 2009-இல் லண்டனில் தொடங்கிய சோஃபார் சவுண்ட்ஸ் என்ற வரவேற்பறைக் கச்சேரி அமைப்பு, முகவரியை நிகழ்ச்சி நெருங்கியபிறகே சொல்லும் வழக்கத்தைப் பல நாடுகளுக்குக் கொண்டுபோனது.

சில காலங்களில் காரணம் இதைவிடக் கடுமையாக இருந்தது. 1974 செப்டம்பரில் மாஸ்கோவில் ஓவியர்கள் திறந்தவெளியில் வைத்த கண்காட்சியை அரசு புல்டோசர் விட்டுக் கலைத்தது. 1982-இல் அங்கே நிகிதா அலெக்ஸேயெவ் என்ற கலைஞர் தன் குடியிருப்பையே காலரியாக, அதாவது கண்காட்சிக்கூடமாக, ஆக்கினார். ஆப்ட்ஆர்ட் என்று பெயர் பெற்ற அந்தக் கண்காட்சிகளுக்கு ஆட்கள் வாய்மொழியாகத்தான் வந்தார்கள். முகவரியைக் காப்பது ஆட்களைக் காப்பதாக இருந்த காலம் அது. இன்றும் சில குழுக்களுக்கு அந்த அவசியம் இருக்கிறது. அதனால் உங்களுக்குக் கிடைத்த முகவரியை, கேட்காமல் வேறு யாருக்கும் அனுப்பாதீர்கள்.

செய்தி இப்படி இருந்தால் போதும்: “வணக்கம். சனிக்கிழமை நிகழ்ச்சியைப் பற்றி புத்தகக் கடைப் பலகையில் பார்த்தேன். நானும் இன்னொருவரும் வர விரும்புகிறோம். இடம் இருந்தால் முகவரி அனுப்ப முடியுமா?” எங்கே பார்த்தீர்கள், எத்தனை பேர் என்ற இரண்டும் இருந்தால் பதில் வர வாய்ப்பு அதிகம். “ஹலோ” என்று மட்டும் அனுப்பிவிட்டுக் காத்திருக்காதீர்கள். விடை வராவிட்டால் ஒருமுறை நினைவூட்டலாம், அதற்குமேல் வேண்டாம். தெரியாத கணக்கிலிருந்து வரும் செய்திகள் தனிப் பெட்டியில் போய்க் கிடக்கும் என்பதால், அவர்கள் பதிவின் கீழே “செய்தி அனுப்பியிருக்கிறேன்” என்று ஒரு வரி எழுதுவது நல்லது.

படி 5: பெரிய விழாவின் ஓரத்தைப் பாருங்கள்

1947-இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் முதல் சர்வதேசக் கலை விழா நடந்தபோது, அழைக்கப்படாத எட்டு நாடகக் குழுக்கள் தாமாகவே வந்து சிறிய இடங்களில் நடித்தன. இன்று எடின்பரோ ஃபிரிஞ்ச் என்று உலகம் கொண்டாடுவது அங்கே தொடங்கியதுதான். அந்த வழக்கம் வேறு ஊர்களுக்கும் பொருந்தும். பெரிய பியன்னாலேயோ (ஈராண்டுக்கு ஒருமுறை நடக்கும் கலைக் கண்காட்சி) திரைப்பட விழாவோ நடக்கிற வாரத்தில், அழைப்பில்லாதவர்களும் பக்கத்துத் தெருவில் கடை விரிப்பார்கள். அந்த வாரத்தில் விழா அரங்கின் வாசலில் கொடுக்கிற துண்டுப் பிரசுரங்கள் ஒன்றையும் விடாமல் வாங்குங்கள்.

மாதாந்திரக் கலை நடைகளும் உண்டு. அமெரிக்காவின் சியாட்டில் நகரத்துப் பயனியர் ஸ்கொயர் பகுதியில் 1981 முதல் மாதத்தின் முதல் வியாழன் மாலையில் காலரிகள் ஒன்றாகத் திறந்திருக்கின்றன. இரவு முழுக்கக் கலை என்ற நுயி பிளாஞ்ச் விழாவைப் பாரிஸ் 2002-இல் தொடங்கியது. இவற்றைப் பின்பற்றிய நகரங்கள் ஏராளம், உங்கள் நகரத்திலும் இப்படி ஏதாவது இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். கல்லூரிகளின் இறுதியாண்டுக் கண்காட்சியை மட்டும் தயவுசெய்து தவறவிடாதீர்கள். அடுத்த பத்தாண்டில் அந்த நகரத்தில் நிகழ்ச்சி நடத்தப்போகிறவர்கள் அங்கே தங்கள் படைப்புக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பார்கள்.

சுவரோவியங்களுக்கு ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற, எல்லோரும் சேர்ந்து உருவாக்கும் இணைய வரைபடம் நல்ல துணை, கலைப்படைப்புகளுக்கு அதில் தனி வகை இருக்கிறது. ஆனால் சுவர் நிலையானது என்று நம்பி ஒத்திப்போடாதீர்கள். நியூயார்க்கின் ஃபைவ்பாயிண்ட்ஸ் கட்டடத்தில் இருந்த ஓவியங்களை 2013 நவம்பரில் உரிமையாளர் ஒரே இரவில் வெள்ளையடித்து மறைத்துவிட்டார். 2018-இல் நீதிமன்றம் 21 கலைஞர்களுக்கு இழப்பீடு கொடுக்கச் சொன்னது. ஓவியங்கள் திரும்பி வரவில்லை.

படி 6: உள்ளே போனபிறகு

கதவைத் தாண்டியதும் வெளியேறும் வழி எங்கே என்று பாருங்கள். மற்றதெல்லாம் அப்புறம். 2016 டிசம்பர் 2 அன்று அமெரிக்காவின் ஓக்லாந்தில் கோஸ்ட் ஷிப் என்ற கிடங்கில் இசை நிகழ்ச்சியின்போது தீப்பிடித்து 36 பேர் இறந்தார்கள். கலைஞர்கள் தங்கி வேலை செய்த இடம் அது. தீயணைக்கும் நீர்த்தெளிப்பான் கிடையாது. மாடியிலிருந்து இறங்க இருந்த படிகளில் ஒன்றைச் சரக்குத் தட்டுப் பலகைகளால் செய்திருந்தார்கள். ஒரே வாசல், குறுகலான படி, நெரிசல் மூன்றும் சேர்ந்திருந்தால் எவ்வளவு நல்ல நிகழ்ச்சியாக இருந்தாலும் திரும்பிவிடுங்கள்.

படம் எடுப்பதற்கு முன் கேளுங்கள். சில்லறையாகப் பணம் வைத்திருங்கள். வாசலில் நன்கொடைப் பெட்டி இருந்தால் போடுங்கள், அந்த இடம் அடுத்த மாதமும் இருப்பது அதைப் பொறுத்தது.

முடிந்ததும் உடனே கிளம்பிவிடாதீர்கள். நாற்காலிகளை அடுக்குகிற நேரத்தில்தான் உண்மையான தகவல் கிடைக்கும். நீங்களும் இரண்டு நாற்காலிகளைத் தூக்கி வையுங்கள். அப்படியே பக்கத்தில் இருப்பவரிடம், “இதைப் போல நான் வேறு எங்கே போய்ப் பார்க்க வேண்டும்?” என்று கேளுங்கள். இந்தக் கேள்விக்குச் சலிப்போடு பதில் சொன்னவரை நான் பார்த்ததில்லை. மூன்று பெயர்களாவது வரும், அவற்றில் ஒன்றாவது எந்த வலைத்தளத்திலும் இருக்காது.

படி 7: குறித்து வையுங்கள்

கூகுள் மேப்ஸில் தனிப் பட்டியல், நாள்காட்டியில் தனி நிறம். இவ்வளவு போதும்.

பின்சேர்க்கை

வாசகர்கள் எழுதிக் கேட்டவற்றிலிருந்து சிலவற்றைச் சேர்க்கிறேன்.

ஊர் சிறியது, காலரியே இல்லை என்று ஒருவர் எழுதினார். நியூயார்க்கின் புகழ்பெற்ற தி கிச்சன் அரங்கு 1971-இல் ஒரு கட்டடத்தின் பயன்படாத சமையலறையில்தான் தொடங்கியது, பெயரும் அதனால்தான். காலரியைத் தேடாமல் நூலகம், திரைப்படச் சங்கம், புகைப்படக்கடை ஆகியவற்றில் விசாரியுங்கள். சிறிய ஊர்களில் ஒரே ஆள்தான் இந்த மூன்றிலும் இருப்பார்.

இன்ஸ்டாகிராம் வேண்டாம் என்கிறவர்கள் படி 3-ஐ டெலிகிராம், வாட்ஸ்அப் குழுக்களோடு செய்யலாம். இணைப்பு வெளியே கிடைக்காது, நிகழ்ச்சிக்குப் போய் நடத்துகிறவரிடம் நேரில் கேட்டால் சேர்த்துக்கொள்வார்கள்.

தனியாக வரும் பெண்களுக்கு, தெரியாத வீட்டில் இரவு நிகழ்ச்சிக்குப் போவது பாதுகாப்பா என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். முதல் நிகழ்ச்சியாகப் பகலில், பொது இடத்தில் நடப்பதைத் தேர்ந்தெடுங்கள். ஜைன் சந்தையும், கலைஞர்கள் தங்கள் ஸ்டுடியோவைப் பார்வையாளர்களுக்குத் திறந்துவைக்கும் நாளும் அதற்கு ஏற்றவை. அங்கே முகம் பழகிய ஒருவர் வருகிற இரவு நிகழ்ச்சிக்கு அடுத்ததாகப் போகலாம். நடத்துகிற குழுவின் பழைய நிகழ்ச்சிப் படங்களைப் பார்த்து, எப்படிப்பட்டவர்கள் வருகிறார்கள் என்று முன்னரே தெரிந்துகொள்ளுங்கள். முகவரியை வீட்டில் நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். மேலே நான் சொன்ன முகவரி ரகசியம் இதற்குப் பொருந்தாது.

சக்கர நாற்காலியில் செல்லும் ஒரு வாசகர் முக்கியமானதைச் சுட்டிக்காட்டினார். “அணுகும் வசதி உண்டா?” என்று கேட்டால் நடத்துகிறவர்கள் நல்ல எண்ணத்தோடு “உண்டு” என்று சொல்லிவிடுகிறார்கள், போனால் வாசலில் மூன்று படிகள் இருக்கின்றன. இப்போது அவர் கேட்பது: தெருவிலிருந்து உட்காரும் இடம்வரை மொத்தம் எத்தனை படிகள், மிகக் குறுகலான கதவின் அகலம் என்ன, கழிப்பறை எந்தத் தளத்தில். கூடவே வாசலின் ஒரு புகைப்படமும் அனுப்பச் சொல்கிறார். படி 4-இல் உள்ள செய்தியோடு இந்த மூன்று கேள்விகளையும் அப்படியே சேர்த்துக்கொள்ளலாம்.