பாங்காக் மாடி பார்களில் சூரியாஸ்தமனம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாங்காக்குக்கு வருகிற நம் ஊர்க்காரர்கள் அனுப்பும் பயணத் திட்டத்தில் ஒரு வரி தவறாமல் இருக்கும்: ‘மாலை ரூஃப்டாப் பார், சன்செட்.’ எந்த பார், எத்தனை மணிக்கு, எந்தப் பக்கம் பார்த்து உட்காருவது என்று எதுவும் இருக்காது. இங்கே பயணிகளை அழைத்துப்போகிற வேலையில் இருப்பவர்கள் எல்லோரும் ஆரம்பத்தில் அப்படித்தான் ஆட்களைக் கொண்டுபோய் லிஃப்டில் ஏற்றிவிட்டோம். இப்போது இந்தத் தொழிலுக்குப் புதிதாக வரும் பையன்களும், தாங்களாகவே திட்டம் போட்டு வரும் பயணிகளும் அதையே திரும்பச் செய்வதைப் பார்க்கும்போது மனசு கேட்கவில்லை.

முன்பதிவு செய்யுங்கள், குடை எடுத்துக்கொள்ளுங்கள், குடித்துவிட்டு ஸ்கூட்டர் ஓட்டாதீர்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். தெரியாமல் காசு போகிற இடங்களை மட்டும் சொல்கிறேன்.

உயரத்தைப் பார்த்து மாடியைத் தேர்ந்தெடுப்பது

எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வரவைக்கும் தவறு இதுதான். மகாநகோன் கட்டடம் 314 மீட்டர், 78 மாடி. சிலோம் சாலை முனையில் ஸ்டேட் டவரின் பார் 63-வது மாடியில். சாத்தோனில் பன்யன் ட்ரீ ஹோட்டலின் பார் 61-வது மாடியில். இப்படி ஒரு பட்டியலை எடுத்துக்கொண்டு, எது உயரமோ அங்கேதான் சூரியன் நன்றாகத் தெரியும் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பாங்காக் தட்டையான ஊர். பத்து மாடி ஏறினாலே கண்ணுக்கு எட்டிய தூரம் தெரியும். அதற்கு மேல் ஏற ஏற ஊர் சின்னதாகும், பில் பெரிதாகும். சூரியன் தெரிவதும் தெரியாததும் உங்கள் நாற்காலி எந்தத் திசையைப் பார்த்துப் போட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது.

கோயம்புத்தூரிலிருந்து நான்கு நண்பர்கள் ஒரு டிசம்பரில் வந்திருந்தார்கள். ஊரிலிருந்தே சுகும்வித்தில் ஓர் உயரமான ஹோட்டல் மாடியில் மூலை மேஜை ஒன்றைப் பிடித்துவிட்டார்கள். ‘ஸ்கைலைன் வியூ’ என்று போட்டிருந்தது. குறைந்தபட்சம் இவ்வளவுக்குச் சாப்பிட வேண்டும் என்ற தொகையையும் முன்பணமாகக் கட்டியாயிற்று. ஐந்தரைக்கு மேலே போனோம். மேஜை அருமையான மேஜை, கண்ணாடித் தடுப்பை ஒட்டி. ஆனால் பார்த்தது கிழக்கே. முதுகுப் பக்கம் லிஃப்ட் அறையும் தண்ணீர்த் தொட்டியும் சேர்ந்த ஒரு சாம்பல் நிறச் சுவர். நால்வரில் சின்னவர் எழுந்து நின்று சுற்றிலும் பார்த்துவிட்டு, “சூரியன் எங்கீங்கண்ணா, காணோம்?” என்று கேட்டார்.

மேற்குப் பக்கம் இருந்தது. அது தனிப் பகுதி, அதற்குத் தனிக் கட்டணம். பணியாள் மரியாதையாகத்தான் சொன்னார்: தலைக்கு இவ்வளவு கூடுதலாகக் கொடுத்தால் மாற்றித் தருகிறோம் என்று. அவர்கள் தங்களுக்குள் பேசி முடிப்பதற்குள் மணி 5:50. டிசம்பர் முதல் வாரத்தில் இந்த ஊரில் சூரியன் மறையும் நேரம் அது. எதிர்க் கட்டடத்தின் கண்ணாடிச் சுவரில் ஆரஞ்சு நிறம் ஒரு மாடி ஒரு மாடியாக மேலே ஏறிப் போய் அணைந்ததைத்தான் அவர்கள் பார்த்தார்கள். கட்டிய பணம் திரும்பி வராது என்பதால் இன்னும் இரண்டு மணி நேரம் அங்கேயே உட்கார்ந்து அதைக் கழித்தார்கள். ஆண்டுக்கு ஒருமுறை நண்பர்களோடு ஒன்றாக லீவு கிடைக்கிறவர்களுக்கு ஒரு மாலை என்பது சின்ன இழப்பா?

இதைத் தவிர்க்கப் பெரிய வித்தை எதுவும் வேண்டாம். மேப்பைத் திறந்து கட்டடத்தைக் கண்டுபிடித்து, அதிலிருந்து மேற்கே விரலால் ஒரு கோடு இழுங்கள். அந்தக் கோட்டில் பக்கத்திலேயே வேறு உயரமான கட்டடம் நின்றால் விட்டுவிடுங்கள். சுகும்வித்தில் கட்டடங்கள் எழும் வேகத்துக்கு நான்கைந்து வருடத்துக்கு முந்தைய படத்தை நம்பவே கூடாது.

‘மேற்கு’ என்பதும் ஒரே இடம் இல்லை. உத்தராயணம், தட்சிணாயனம் என்று பஞ்சாங்கத்தில் படிக்கிறோமே, அது இங்கேதான் கைகொடுக்கும். ஜூன் மாதக் கடைசியில் பாங்காக்கில் சூரியன் நேர் மேற்கிலிருந்து வடக்கே சுமார் 24 டிகிரி தள்ளி விழும். டிசம்பரில் தெற்கே அதே அளவு. இரண்டுக்கும் நடுவே கிட்டத்தட்ட 48 டிகிரி. ஒரு மேஜைக்கும் அதற்கு மூன்றாவது மேஜைக்கும் இடையே ஒரு தூண் மறைத்துவிடக்கூடிய வித்தியாசம் இது. சென்னையும் பாங்காக்கும் ஏறத்தாழ ஒரே அட்சரேகையில் இருப்பதால் சென்னைக்காரர்களுக்கு ஒரு வசதி: உங்கள் வீட்டு மொட்டைமாடியில் அந்த மாதம் சூரியன் எந்த மூலையில் இறங்குகிறதோ, அதே மூலைதான் இங்கேயும்.

அடுத்த பொறி ‘ரிவர் வியூ’. சாவோ பிரயா ஆறு தெரிந்தால் சூரியாஸ்தமனமும் தெரியும் என்று நினைக்கிறார்கள். கிழக்குக் கரை ஹோட்டல்களில் அது சரி. ஆற்றைப் பார்த்தால் மேற்கைப் பார்க்கிறீர்கள். தொன்புரிப் பக்கம், அதாவது மேற்குக் கரையில், ஆற்றைப் பார்த்து உட்கார்ந்தால் சூரியன் உங்கள் முதுகில் இருக்கும். எதிர்க்கரைக் கட்டடங்கள் தங்க நிறமாக மாறுவதைப் பார்க்கலாம், அதுவும் அழகுதான். ஆனால் சூரியன் இறங்குவதைப் பார்க்க ஆசைப்பட்டு வந்தவருக்கு அது ஏமாற்றம்.

பதிவு செய்யும்போது நான்கு கேள்வி கேளுங்கள்: மேஜை எந்தத் திசையைப் பார்க்கிறது, முதல் வரிசையா, எத்தனை மணிக்குத் திறக்கிறீர்கள், எத்தனை மணி வரை உட்காரலாம். பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். திசைக்குப் பதில் சொல்லாமல் “எல்லா மேஜையிலிருந்தும் வியூ அழகாக இருக்கும்” என்று சொல்கிற இடத்துக்கு நான் யாரையும் அனுப்புவதில்லை.

காலையில் எடுத்த படத்தை நம்பித் தா தியன் போவது

என்னைக் கேட்டால் முதல் தடவை வருகிறவர்கள் உயரமான கோபுரங்களை விட்டுவிட்டுப் பழைய நகரத்தில் வாட் போ கோயிலுக்குப் பின்னால் இருக்கும் தா தியன் பகுதிக்குத்தான் போக வேண்டும். நான்கைந்து மாடிக் கடைவீடுகளின் கூரைகள். எதிர்க்கரையில் வாட் அருண் கோயில். சூரியனுக்கும் உங்களுக்கும் நடுவே பார்ப்பதற்கு ஒரு பொருள் இருக்கிறது, ஆறு இருக்கிறது, குறுக்கே போகும் படகுகள் இருக்கின்றன. அறுபதாவது மாடியில் இது எதுவும் கிடைக்காது.

ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டு போங்கள். வாட் அருணின் கோபுரம் முழுக்கச் சீனப் பீங்கான் துண்டுகள் பதித்தது. வெள்ளையாக, ஒவ்வொரு பூவும் தெரிகிற மாதிரி விளம்பரங்களில் வருகிறதே, அது கிழக்கு வெயில் படும்போது, காலையில் எடுத்த படம். மாலையில் வெளிச்சம் பின்னாலிருந்து வருவதால் நீங்கள் பார்ப்பது கறுத்த உருவத்தைத்தான். “படத்தில் இருந்த மாதிரி இல்லையே” என்று பலர் முகம் சுளிக்கிறார்கள். எனக்கு அந்தக் கறுத்த கோபுரம்தான் பிடிக்கும். பீங்கான் பூவைப் பார்க்க ஆசை இருந்தால் மறுநாள் காலையில் படகில் அக்கரை போய்ப் பக்கத்தில் நின்றே பார்க்கலாம்.

மாதமும் முக்கியம். அக்டோபர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் இந்தக் கூரைகளிலிருந்து பார்க்கும்போது கோயிலை ஒட்டிய பக்கமாக இறங்கும். ஜூன், ஜூலையில் வலப்பக்கம் வெகுதூரம் தள்ளிப்போய்த் தொன்புரி வீடுகளுக்கு மேல் இறங்கும். வானம் அழகாக இருக்கும், ஆனால் கோயிலும் சூரியனும் ஒரே படத்தில் சேராது.

ஊர்க் கணக்கில் நேரம் வைப்பது

‘சன்செட் ஆறரை மணி’ என்று மனதில் பதிந்துவிட்டது நமக்கு. இங்கே நவம்பர் கடைசியில் 5:45-ஐத் தாண்டிய கொஞ்ச நேரத்தில் சூரியன் மறைந்துவிடும். ஜூலையில் 6:50 வரை நிற்கும். ஒரு மணி நேரம் வித்தியாசம். ஆறு மணிக்குக் கதவு திறக்கிற பார்கள் உண்டு. ஜூலையில் அது சரியான நேரம். நவம்பரில் நீங்கள் இருட்டுக்குள் ஏறுகிறீர்கள். அந்த நாளின் நேரத்தைப் பார்த்து, அதற்கு ஒரு மணி நேரம் முன்னால் நாற்காலியில் இருப்பது மாதிரி வையுங்கள்.

மாலையில் டாக்ஸி

வேண்டாம். நாலரைக்கு மேல் சுகும்வித்திலிருந்து தா தியனுக்கு டாக்ஸி ஏறியவர்கள் சூரியாஸ்தமனத்தைக் கார் கண்ணாடி வழியாகத்தான் பார்ப்பார்கள். சுகும்வித் எம்ஆர்டி (சுரங்க ரயில்) நிலையத்தில் நீல வழித்தடத்தில் ஏறினால், தா தியனுக்குப் பக்கத்து நிலையமான சனாம் சாய்க்கு ரயில் மாறாமல் போகலாம். சாத்தோன், சிலோம் பக்கம் தங்கியிருந்தால் சபான் தக்சின் பிடிஎஸ் (மேம்பால ரயில்) நிலையத்துக்குக் கீழேயே படகுத்துறை. ஆற்று வழியாகவே தா தியன் வந்துவிடலாம்.

செருப்பும் அரைக்கால் சட்டையும்

பெரிய ஹோட்டல் மாடிகள் பலவற்றில் உள்ளே விடமாட்டார்கள்.

பாஸ்போர்ட்

மது வாங்க 20 வயது ஆகியிருக்க வேண்டும். இளமையாகத் தெரிகிறவர்களிடம் கேட்பார்கள்.

விலைக்குப் பக்கத்தில் இருக்கும் இரண்டு கூட்டல் குறி

மெனுவில் 600++ என்று இருந்தால் அது 600 பாட் இல்லை. முதலில் 10 சதவீதம் சேவைக் கட்டணம், அந்த மொத்தத்தின் மேல் 7 சதவீதம் வாட் வரி. 660 ஆகி, பிறகு 706 ஆகும். நான்கு பேர் ஆளுக்கு இரண்டு கிளாஸ் குடித்தால் மெனுவில் பார்த்ததைவிட 850 பாட்டுக்கு அருகில் கூடுதல். பில்லில் சேவைக் கட்டணம் ஏற்கெனவே இருப்பதைக் கவனிக்காமல் அதற்கு மேல் டிப்ஸும் வைக்கிறவர்களைப் பார்க்கிறேன். மனசு நிறைந்து கொடுப்பது வேறு; தெரியாமல் இரண்டு தடவை கொடுப்பது வேறு.

மது குடிக்காதவர்கள் கூட வந்தால் அவர்களுக்கும் அதே குறைந்தபட்சத் தொகை உண்டா என்று முன்னாடியே கேளுங்கள். அம்மா அப்பாவை அழைத்து வருகிற குடும்பங்கள் இதில்தான் மாட்டிக்கொள்கின்றன. தா தியன் கூரைகளில் சிலவற்றுக்கு லிஃப்டும் கிடையாது, குறுகலான மரப்படிதான். முட்டிவலி உள்ளவர்களை அந்தப் படியில் ஏறச் சொல்லாதீர்கள்.

ஜனவரிதான் சிறந்த மாதம் என்று நினைப்பது

குளிர்ச்சியாக இருக்கும், மழை இருக்காது என்பதெல்லாம் சரி. ஆனால் டிசம்பரிலிருந்து மார்ச் வரை காற்று அசையாமல் நின்று, வண்டிப் புகையும் வயல் எரிக்கும் புகையும் ஊரின் மேல் தேங்கும். காற்றில் நுண்தூசியின் (பிஎம் 2.5) அளவு ஏறிய நாளில் சூரியன் அடிவானத்தைத் தொடுவதற்கு வெகு முன்பே ஒரு மங்கிய வட்டமாகிப் புகைக்குள் காணாமல் போகும். அன்றைக்கு 78-வது மாடியும் நாலாவது மாடியும் ஒன்றுதான். காலையிலேயே காற்றுத் தரத்தைப் பாருங்கள். மோசமாக இருந்தால் மறுநாளுக்கு மாற்றுங்கள். அதனால்தான் மாற்ற முடியாத முன்பணத்தைக் கட்டாதீர்கள் என்று தொண்டை வறளச் சொல்கிறேன்.

நான் பார்த்ததில் நல்ல வானம் எல்லாம் செப்டம்பர், அக்டோபரில் மதியம் கொட்டி, ஐந்து மணிக்கு விட்ட மழைக்குப் பிறகு வந்தவை. தூசி கழுவப்பட்டு, மேற்கே மேகம் கிழிந்து, ஊதாவிலிருந்து செம்பருத்தி நிறம் வரை வரும். மின்னல் இருந்தால் மாடியை மூடிவிடுவார்கள் என்ற ஆபத்தும் அப்போது உண்டு. கூரைக்குக் கீழே ஒரு மூடிய தளம் உள்ள இடமாகத் தேர்ந்தெடுத்தால் மழை விடும் வரை அங்கேயே காத்திருக்கலாம்.

விஜயதசமி அன்று சிலோம்

சிலோம் சாலையில் 19-ம் நூற்றாண்டில் தமிழர்கள் கட்டிய மாரியம்மன் கோயில் ஸ்டேட் டவரிலிருந்து நடக்கும் தூரம். ‘அம்மனைக் கும்பிட்டுவிட்டு அப்படியே மாடிக்கு’ என்று திட்டம் போடுகிறவர்கள் நிறைய. மற்ற நாளில் நல்ல திட்டம். விஜயதசமி அன்று ஊர்வலத்துக்காகச் சாலையை அடைத்துவிடுவார்கள், தாய்லாந்து மக்களே ஆயிரக்கணக்கில் தெருவில் பூஜைத் தட்டு வைத்துக் காத்திருப்பார்கள். அன்றைக்கு பாரை மறந்துவிட்டு ஊர்வலத்தைப் பாருங்கள் என்பேன்.

பௌத்தப் பண்டிகை நாள்

மாக பூஜை, விசாக பூஜை போன்ற நாள்களில் மது விற்பனைக்குத் தடை உண்டு. 2025-ல் ஹோட்டல்கள் போன்ற சில இடங்களுக்கு விலக்கு தந்தார்கள். பழைய நகரத்துச் சின்ன மாடிகள் திறந்திருக்குமா என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

சூரியன் மறைந்ததும் எழுந்துவிடுவது

எல்லோரும் கைதட்டி, ஒரு செல்ஃபி எடுத்து, பில் கேட்பார்கள். உட்காருங்கள். அடுத்த இருபது நிமிடத்தில்தான் மேகத்தின் அடிப்பக்கம் நிறம் ஏறும். வாட் அருணில் விளக்குப் போடுவார்கள். முன்வரிசை நாற்காலிகளும் அப்போதுதான் காலியாகும். பின்வரிசையில் மாட்டியவர்கள் பணியாளிடம் கேட்டு முன்னால் நகரலாம், பெரும்பாலும் சம்மதிப்பார்கள்.

திரும்பும்போது வாசலில் நிற்கும் டுக்-டுக்காரர் கேட்கும் முதல் விலைக்கு ஏறாதீர்கள். தா தியனிலிருந்து சனாம் சாய் நிலையத்துக்குப் பத்து நிமிட நடைதான். ரயில் நள்ளிரவு வரை இருக்கிறது.