அரிசி ஆலை சர்வரை விர்ச்சுவல் மெஷினுக்கு மாற்றுவது: பார்ட்டிஷன் பிரிக்கும் செய்முறை

மன்னார்குடி பக்கத்தில் ஓர் அரிசி ஆலை. நெல் எடை, மூட்டை இருப்பு, கணக்கு எல்லாம் பழைய டெபியன் (லினக்ஸ் வகை) சர்வர் ஒன்றில் ஓடிக்கொண்டிருந்தன. தவிட்டுத் தூசி விசிறியை அடைத்து அடிக்கடி நின்றுவிடும். குறுவை நெல் வந்து குவிவதற்குள் அதை கேவிஎம் விர்ச்சுவல் மெஷினுக்கு மாற்றினேன்; அதாவது, லினக்ஸின் கேவிஎம் வசதி வேறொரு கணினிக்குள் மென்பொருளாலேயே உருவாக்கும் கணினிக்கு. கேவிஎம் நிறுவத் தெரியும் என்று வைத்துக்கொண்டு டிஸ்க் வேலையை மட்டும் சொல்கிறேன்.

முதலில் பழைய கணினியில் எல்எஸ்பிஎல்கே (டிஸ்க்குகளும் அவற்றின் பிரிவுகளான பார்ட்டிஷன்களும்), டிஎஃப் (நிரம்பிய இடம்), பிஎல்கேஐடி (ஒவ்வொரு பார்ட்டிஷனின் யூயூஐடி என்ற அடையாள எண்) ஆகிய மூன்று கட்டளைகளையும் ஓட்டி, வருவதைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் டிஸ்க் 500 ஜிபி; நிரம்பியிருந்தது 38 ஜிபிதான். டிடி கட்டளையால் முழு டிஸ்க்கையும் நகலெடுக்கச் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. காலி இடத்தையும் சேர்த்துப் படித்து நேரத்தைத் தின்னும், பழைய பார்ட்டிஷன் அமைப்பும் அப்படியே ஒட்டிக்கொண்டு வரும். ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கருவியோ கோப்புகளை மட்டும் கொண்டுவரும்.

விர்ச்சுவல் மெஷினை லைவ் ஐஎஸ்ஓவில் (நிறுவாமலே ஓடும் லினக்ஸ்) தொடங்கி, பார்ட்டட் கருவியால் ஜிபிடி எனும் பார்ட்டிஷன் அட்டவணை போடுங்கள். முதலில் க்ரப்புக்கு (லினக்ஸைத் தொடங்கிவைக்கும் நிரல்) 1 எம்பி பயாஸ் பூட் பார்ட்டிஷன், அடுத்து 4 ஜிபி ஸ்வாப் (நினைவகம் போதாதபோது உதவும் இடம்), கடைசியில் ரூட் (சிஸ்டம் கோப்புகள் இருக்கும் பார்ட்டிஷன்). பயாஸ் இல்லாமல் யூஇஎஃப்ஐ (அதற்குப் பின் வந்த தொடக்க முறை) என்றால் அந்த 1 எம்பிக்குப் பதில் ஃபேட்32 வடிவில் இஎஸ்பி (தொடக்கக் கோப்புகளுக்கான பார்ட்டிஷன்) வேண்டும். ரூட் கடைசியில்தான் இருக்க வேண்டும். பின்னாளில் டிஸ்க்கைப் பெரிதாக்கினால் புது இடம் வாலில்தான் சேரும்; அங்கே ஸ்வாப் இருந்தால் ரூட் வளர வழி கிடைக்காது. தரவுக்குத் தனி விர்ச்சுவல் டிஸ்க் கொடுத்தேன்.

ஆர்சிங்க்கை இரண்டு முறை ஓட்டுங்கள். பகலில் ஆலை ஓடும்போதே ஒருமுறை. இரவு டேட்டாபேஸை நிறுத்திவிட்டு, டெலீட் ஆப்ஷனோடு (பழையதில் நீங்கிய கோப்பைப் புதியதிலும் நீக்கும்) மறுமுறை. நியூமரிக்-ஐடிஸ் ஆப்ஷனை விட்டுவிடாதீர்கள். விட்டால் கோப்புகளின் உரிமையாளர் மாறி டேட்டாபேஸ் எழும்பாமல் போகலாம். பிறகு டெவ், ப்ராக், சிஸ் என்ற மூன்று சிஸ்டம் அடைவுகளையும் பைண்ட் மவுண்ட் செய்து (புது ரூட்டுக்குள்ளும் தெரியவைத்து), சிஹெச்ரூட் கட்டளையால் அந்த ரூட்டுக்குள் போய் க்ரப்-இன்ஸ்டால், அப்டேட்-க்ரப் இரண்டையும் ஓட்டுங்கள்.

நான் மாட்டிக்கொண்டது எஃப்எஸ்டேப் கோப்பில்; தொடங்கும்போது எந்த டிஸ்க்கை எங்கே இணைப்பது என்று சொல்லும் பட்டியல் அது. ரூட், ஸ்வாப் வரிகளில் புது யூயூஐடி போட்டுவிட்டேன். பழைய சர்வரில் தரவு டிஸ்க்கை எப்போதோ யாரோ கையால் சேர்த்து, யூயூஐடி இல்லாமல் எஸ்டிபி1 என்ற பெயரிலேயே எழுதிவைத்திருந்தார்கள். கேவிஎம்மில் நான் கொடுத்த விர்ட்ஐஓ பிளாக் வகை விர்ச்சுவல் டிஸ்க்கின் பெயர் எஸ்டியில் தொடங்காது. விடிஏ, விடிபி என்றுதான் வரும். இல்லாத எஸ்டிபி1க்காக சிஸ்டம்டி (லினக்ஸில் சேவைகளைத் தொடங்கிவைக்கும் நிரல்) 90 விநாடி காத்திருந்து எமர்ஜென்சி மோடுக்குப் போனது. ரூட் என்ற நிர்வாகி கணக்கு பூட்டியிருந்ததால் அங்கேயும் உள்ளே விடவில்லை. இரவு ஒரு மணி. "தம்பி, காலைல வண்டி வந்து நிக்கும், எடை போடணும்" என்று ஆலைக்காரர் பக்கத்திலேயே நின்றார். அவர் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை. மறுபடி லைவ் ஐஎஸ்ஓவில் ஏறி அந்த ஒரு வரியைத் திருத்தியதும் சர்வர் எழுந்துவிட்டது.

அதனால் எஃப்எஸ்டேப்பின் ஒவ்வொரு வரியையும் பிஎல்கேஐடி காட்டுவதோடு விரல் வைத்து ஒப்பிடுங்கள். தரவு டிஸ்க் வரியில் நோஃபெயில் என்ற ஆப்ஷனைச் சேருங்கள். டிஸ்க் இல்லாவிட்டாலும் சர்வர் எழும், எஸ்எஸ்ஹெச்சில் (நெட்வொர்க் வழியே) நுழைந்து சரிசெய்யலாம். இனிட்ராம்எஃப்எஸ்-டூல்ஸ் அடைவுக்குள் ரெஸ்யூம் என்றொரு கோப்பு இருந்தால் அதிலும் பழைய ஸ்வாப்பின் யூயூஐடி ஒளிந்திருக்கும். மாற்றிவிட்டு அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் ஓட்டுங்கள்; ரூட் டிஸ்க் கிடைப்பதற்கு முன் ஓடும் சிறு தொடக்கக் கோப்புத் தொகுப்பான இனிட்ராம்எஃப்எஸ்ஸை அது புதுப்பிக்கும்.

பின்சேர்க்கை: சென்ட்ஓஎஸ் (இன்னொரு லினக்ஸ் வகை) சர்வரில் இப்படியே செய்தும் ரூட் டிஸ்க்கே தெரியவில்லை என்று திருவாரூர் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். அங்கே இனிட்ராம்எஃப்எஸ்ஸை உருவாக்கும் ட்ராகட் கருவி, ஓடும் கணினிக்குத் தேவையான டிரைவர்களை மட்டுமே இனிட்ராம்எஃப்எஸ்ஸில் வைக்கும். பழைய பெட்டியில் விர்ட்ஐஓ டிரைவருக்கு வேலையே இல்லையே! சிஹெச்ரூட்டுக்குள் இருக்கும்போதே ட்ராகட்டை ஃபோர்ஸ், நோ-ஹோஸ்ட்ஒன்லி ஆப்ஷன்களோடு ஓட்டச் சொன்னேன். அவருடைய சர்வரும் எழுந்துவிட்டது.