கிட் காருக்கு ஃபேன் சுவிட்ச்: எண்ணை மட்டும் பார்த்து வாங்காதீர்கள்

கிட் கார் என்பது பாகம் பாகமாக வாங்கி, வீட்டு கராஜிலேயே பூட்டி எடுக்கும் கார். இங்கிலாந்தில் இது ஊறிப்போன பழக்கம். 1957-ல் வந்த லோட்டஸ் செவன் இப்படித்தான் விற்பனையானது. 1973-ல் அதன் உரிமையை வாங்கிய கேட்டர்ஹாம் அதே வடிவத்தை இன்றும் விற்கிறது. இந்த வகைக் கார்களில் எஞ்சின் ஃபோர்டாக இருக்கும், ரேடியேட்டர் ஃபோக்ஸ்வாகன் போலோவிலிருந்து வந்திருக்கும், ஃபேன் வேறு எதிலிருந்தோ வந்திருக்கும். கம்பெனி காரில் இதற்கெல்லாம் முன்கூட்டியே பொருத்தம் பார்த்திருப்பார்கள். இங்கே அந்த ஜோசியர் வேலையும் நம்முடையதுதான்.

அதில் பலரும் சறுக்குவது ஃபேன் தெர்மோஸ்டாட்டில். பெயரிலேயே குழப்பம் தொடங்கிவிடுகிறது. எஞ்சினுக்குள் இருக்கும் தெர்மோஸ்டாட் ஒரு மெழுகு வால்வு. 82 அல்லது 88 டிகிரியில் திறக்கத் தொடங்கி, அதற்கு மேல் பத்துப் பதினைந்து டிகிரியில் முழுதாகத் திறக்கும். ஃபேன் தெர்மோஸ்டாட் வெறும் மின் சுவிட்ச். நீர் சூடானால் ஃபேனைப் போடும், ஆறினால் அணைக்கும், அவ்வளவுதான். எஞ்சின் எவ்வளவு சூட்டில் ஓடவேண்டும் என்பதை முடிவு செய்வது வால்வு. அதற்கும் கீழே ஃபேனால் கொண்டுபோக முடியாது. நீர் ஆறினால் வால்வு மூடிக்கொள்ளும். ‘எஞ்சின் குளிர்ச்சியாக இருக்கட்டுமே’ என்று 75 டிகிரி சுவிட்ச் வாங்கிப் போடுகிறவர்களுக்குக் கிடைப்பது ஓயாமல் சுற்றும் ஃபேனும் பாட்டரிக்கு வீண் சுமையும்தான்.

சுவிட்சில் பெரும்பாலும் 92-87 என்பதுபோல இரண்டு எண்கள் இருக்கும். முதலாவது ஃபேன் ஓடத் தொடங்கும் சூடு, இரண்டாவது அணையும் சூடு. கடையில் எல்லோரும் கேட்பது முதல் எண்ணை. இரண்டாவதைப் பார்ப்பவர்கள் குறைவு. அதைவிடக் குறைவு, இந்த சுவிட்ச் எங்கே உட்காரப்போகிறது என்று முதலில் யோசிப்பவர்கள். இடம் தெரியாமல் எண்ணுக்கு அர்த்தமே இல்லை.

எஞ்சினிலிருந்து ரேடியேட்டருக்கு வரும் நீர் சூடானது, திரும்பிப் போகும் நீர் ஆறியது. இரண்டுக்கும் நடுவே 5 முதல் 10 டிகிரி, சில நேரம் அதற்கு மேலும் வித்தியாசம் இருக்கும். 92-87 சுவிட்சை ரேடியேட்டருக்குள் நீர் நுழையும் பக்கம் வைத்தால், 82 வால்வு உள்ள எஞ்சினுக்குச் சரியாக இருக்கும். அதே சுவிட்ச், அதே இடம், ஆனால் 88 வால்வு என்றால்? எஞ்சினை விட்டு வரும் நீர் 88-க்குக் கீழே இறங்காது, சுவிட்சோ 87-க்காகக் காத்திருக்கும். ஃபேன் ஒருமுறை ஓடத் தொடங்கினால் எஞ்சின் ஓடும்வரை நிற்காது. சூடான பக்கத்தில் வைப்பதானால், அணையும் எண் வால்வின் எண்ணுக்கு மேலே இருக்கவேண்டும்.

இப்போது அதே 92-87-ஐ நீர் வெளியேறும் பக்கம் வையுங்கள். அங்கே 92 என்றால் எஞ்சினில் ஏற்கெனவே 100-ஐ ஒட்டியிருக்கும். சிக்னலில் நிற்கும்போது டாஷ்போர்டு முள் ஏறிக்கொண்டே போகும், ஃபேன் அசையாது. உடனே ‘சுவிட்ச் டூப்ளிகேட்’ என்று திட்டத் தோன்றும். சுவிட்ச் சரிதான், இடத்துக்கு எண் சரியில்லை. ஆறிய பக்கத்துக்கு 85-ஐ ஒட்டிய சுவிட்ச் பொருந்தும்.

முள் 100-ஐத் தொட்டதும் பதறுவதும் தேவையில்லை. ரேடியேட்டர் மூடி 1 பார் அழுத்தத்துக்கு உரியதாக இருந்தால் வெறும் தண்ணீரே 120 டிகிரியை ஒட்டித்தான் கொதிக்கும், கூலன்ட் கலந்தால் இன்னும் மேலே. அதேபோல, திறந்த சாலையில் நல்ல வேகத்தில் போகும்போதும் ஃபேன் ஓடினால் சுவிட்சை மாற்றிப் பயனில்லை. அந்த வேகத்துக்கு வரும் காற்றே போதும். ரேடியேட்டர் சிறிதா, காற்று அதன் வழியே போகாமல் பக்கவாட்டில் நழுவுகிறதா என்று பாருங்கள்.

ரேடியேட்டரில் சுவிட்சுக்கு இடமே இல்லாவிட்டால், ஹோஸை வெட்டி நடுவே ஒரு அலுமினியக் குழாய்த் துண்டைச் செருகி, அதில் சுவிட்சை முறுக்குவார்கள். நல்ல வழிதான், ஆனால் இதில் ஒரு கண்ணி இருக்கிறது. ஒற்றை முனை சுவிட்ச் தன் உடம்பு வழியாகத்தான் எர்த் எடுக்கும். இருபுறமும் ரப்பர் ஹோஸ் என்றால் அந்தத் துண்டுக்கு எர்த் எங்கிருந்து வரும்? அதிலிருந்து சேஸிஸுக்குத் தனி ஒயர் இழுக்கவேண்டும், அல்லது இரண்டு முனை சுவிட்ச் வாங்கவேண்டும். மரையில் டெஃப்லான் டேப் சுற்றுவதும் இந்த எர்த்தைக் கெடுக்கலாம். வாஷர் வைத்து அமரும் சுவிட்சுக்கு அந்த டேப் தேவையே இல்லை. மரையையும் அளந்துவிட்டு வாங்குங்கள். எம்22 (22 மி.மீ. மரை) அதிகம் புழங்குகிறது, எம்14-ம் உண்டு.

தாழ்ந்த மூக்குள்ள கார்களில் காற்று அடைப்பு இன்னொரு தொல்லை. சுவிட்சின் முனை நீரில் முங்காமல் காற்றுக் குமிழுக்குள் இருந்தால் அது சூட்டைத் தாமதமாகத்தான் உணரும். சுவிட்ச் உயரமான மூலையில் இருந்தால், காற்று வெளியேற வழி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மேல் ஹோஸுக்குள் மெல்லிய குழாயைச் செருகும், திருகி எண் மாற்றக்கூடிய பழைய வகையும் கிடைக்கிறது. எண்ணை மாற்ற முடிவது வசதி. ஆனால் குழாய் நுழையும் இடத்தில் ஹோஸ் கசியும் வாய்ப்பு உண்டு. என் ஓட்டு அதற்கு இல்லை. எஞ்சினை ஈசியு என்ற குட்டிக் கணினி கட்டுப்படுத்துகிறது என்றால் அதிலேயே ஃபேனுக்கு ஒரு வெளியீடு இருக்கிறதா பாருங்கள். இருந்தால் தனி சுவிட்சே வேண்டாம்.

ரோவர் கே சீரிஸ் எஞ்சின் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதில் மெழுகு வால்வு, நீர் எஞ்சினுக்குள் நுழையும் ஆறிய பக்கத்தில் இருக்கிறது. மற்ற எஞ்சின்களின் கணக்கை அப்படியே இதற்குப் போட முடியாது. ஹெட் கேஸ்கெட் (எஞ்சின் தலைக்கும் உடலுக்கும் நடுவே உள்ள அடைப்புத் தகடு) பழுதாவதற்குப் பேர்போன எஞ்சின் வேறு.

வாங்கிய சுவிட்சை மாட்டும் முன் அடுப்படியில் சோதித்துவிடலாம். பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, சுவிட்சின் பித்தளை முனை மட்டும் முங்கும்படி கம்பியில் தொங்கவிடுங்கள். முனைகளில் மல்டிமீட்டரைப் பொருத்தி, பீப் ஒலிக்கும் நிலையில் வையுங்கள். பக்கத்தில் ஒரு சமையல் தெர்மாமீட்டர். தீயைக் குறைத்து வைத்தால் 90-ஐத் தாண்டிக் கொஞ்ச நேரத்தில் சின்ன ‘டிக்’ கேட்கும், மீட்டர் கத்தும். அடுப்பை அணைத்துவிட்டு, கத்தல் எந்தச் சூட்டில் நிற்கிறது என்றும் குறித்துக்கொள்ளுங்கள். அச்சிட்ட எண்ணிலிருந்து ஓரிரு டிகிரி விலகல் சகஜம்.

அப்புறம் ரிலே, அதாவது சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தைப் போட்டு அணைக்கும் சுவிட்ச். ஃபேன் 10, 15 ஆம்பியர் இழுக்கும், கிளம்பும் நொடியில் அதைவிட அதிகம். அத்தனையும் சுவிட்ச் வழியே போனால் அதன் உள்முனைகள் கருகும், அல்லது ஒட்டிக்கொள்ளும். பாட்டரியிலிருந்து ஃப்யூஸ் வழியாக ரிலேக்கு, ரிலேயிலிருந்து ஃபேனுக்கு. சுவிட்ச் ரிலேயை மட்டும் எர்த் செய்யட்டும். சுவிட்சுக்கு இணையாக டாஷ்போர்டில் கையால் போடும் ஒரு பொத்தானும் வையுங்கள், சுவிட்ச் செத்தாலும் வீடு வந்து சேரலாம். கூடவே ஒரு சின்ன விளக்கு வைப்பதானால், ரிலேயிலிருந்து ஃபேனுக்குப் போகும் ஒயரிலிருந்து ஒரு கிளை எடுத்து அதற்குக் கொடுங்கள். பொத்தானோடு சேர்த்தால் பொத்தான் போட்டது மட்டும்தான் தெரியும், ஃபேனுக்கு மின்சாரம் போனதா என்பது தெரியாது.